கரண்டி எட்டாத மூலை

டர்ன்டேபிள் கார்ட்ரிட்ஜ்களைப் பற்றிய விமர்சனங்களைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு, தாம் படிப்பது அடுக்குமாடி வீட்டு விளம்பரமோ என்ற சந்தேகம் ஒரு கட்டத்தில் வரும். நல்ல காற்றோட்டம், விசாலமான மேடை, பளிச்சென்ற வெளிச்சம், ஆழமான அஸ்திவாரம். பக்கத்திலேயே பள்ளிக்கூடமும் பேருந்து நிறுத்தமும் இருப்பதாக மட்டும்தான் இன்னும் யாரும் எழுதவில்லை. இத்தனை விசாலமும் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பெட்டிக்குள் அடக்கம். அதற்குள் ஒரு காந்தம், கொஞ்சம் கம்பிச்சுருள், ஒரு மெல்லிய தண்டு. தண்டின் நுனியில் ரவையைவிடச் சின்னதாக ஒரு வைரத் துணுக்கு. வாங்குகிறவர் காந்தத்தைப் பற்றி விசாரிப்பார், சுருளைப் பற்றி விசாரிப்பார், பெட்டி அலுமினியமா ரோஸ்வுட்டா என்று கேட்பார், எந்த நாட்டுச் சரக்கு என்பார். வைரத்தை எப்படிச் சீவியிருக்கிறார்கள் என்று கேட்பவர் குறைவு. என் கட்சி இதுதான்: பழைய கார்ட்ரிட்ஜை விட்டு மேலே போக நினைப்பவரின் முதல் ரூபாய் அந்தச் சீவலுக்குப் போகட்டும். மற்றதற்கு மிச்சமிருந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

சாட்சிக்கு வெளியாள் வேண்டாம். விற்பவர்களே வாக்குமூலம் கொடுத்திருக்கிறார்கள். ஆடியோ டெக்னிக்காவின் விஎம்95 வரிசையில் ஆறு வகை. உருண்டை முனை, நீள்வட்ட முனை, முழு வைரத்தில் நீள்வட்டம், மைக்ரோலீனியர், ஷிபாடா, பழைய 78 சுற்றுத் தட்டுக்கென்று தடித்த முனை. கார்ட்ரிட்ஜ் உடலைத் தொடாமல் ஊசியை மட்டும் உருவி இன்னொன்றைச் செருகிக்கொள்ளலாம் என்று நிறுவனமே சொல்கிறது. உருண்டைக்கும் மைக்ரோலீனியருக்கும் விலை சில மடங்கு வித்தியாசம். டென்மார்க்கின் ஆர்ட்டோஃபோன் கதையும் இதேதான்: 2எம் ரெட் வைத்திருப்பவர் 2எம் ப்ளூ ஊசியை வாங்கிச் செருகினால் வேலை முடிந்தது. ரெட்டில் உலோகக் குச்சியின் முனையில் வைரத்தை ஒட்டியிருப்பார்கள்; ப்ளூவில் முழு வைரமே தண்டில் உட்கார்ந்திருக்கும், எடை குறைவு. ஆக, வேட்டி ஒன்றுதான், கரைக்குத்தான் விலை. வேட்டி விஷயத்தில் இது கொஞ்சம் அநியாயம். ஊசி விஷயத்தில் நியாயம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது.

எல்.பி. நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றுகிறது. சுற்றும் வேகம் மாறாது, ஆனால் ஊசிக்கு அடியில் ஓடும் தடத்தின் வேகம் மாறும். வெளி விளிம்பில் வினாடிக்கு 51 சென்டிமீட்டர் தடம் ஊசியைக் கடக்கிறது. நடு லேபிளை நெருங்கும்போது அது 21 சென்டிமீட்டர்தான். பந்திக்கு முந்தச் சொன்னவர்கள் எல்.பி.யைப் பார்க்காமலேயே சொல்லியிருக்கிறார்கள். முதல் பாட்டுக்கு அகலமான இலை. கடைசிப் பாட்டுக்குக் கிழிந்த இலையும் தெளிந்த ரசமும். 10,000 ஹெர்ட்ஸ் உள்ள ஒலி, உதாரணமாக ‘ஸ்’ என்ற எழுத்தின் சீறல், வெளி விளிம்பில் ஓர் அலைக்கு 51 மைக்ரான் நீளம் எடுத்துக்கொள்கிறது. உள்ளே அதே அலை 21 மைக்ரானுக்குள் மடங்கி உட்கார வேண்டும். மேடு பாதி, பள்ளம் பாதி என்றால் ஒவ்வொன்றுக்கும் பத்து மைக்ரான் சொச்சம். சாதாரண உருண்டை முனையின் ஆரம் 15 மைக்ரான். தட்டை வெட்டிய கருவியின் முனை உளி போலக் கூர்மையானது. அது போட்ட மடிப்புகளில் இந்த உருண்டை இறங்கப் பார்த்தால் என்ன ஆகும்? குழம்புச் சட்டியின் மூலையைக் குண்டுக் கரண்டியால் வழிப்பதுதான். நடுவில் இருப்பது வரும், மூலையில் இருப்பது அங்கேயே காயும். பாடகி ‘சிரித்தாள்’ என்று பாட, ஸ்பீக்கர் ‘ஷ்ஷிரித்தாள்’ என்று தும்மும். நீள்வட்ட முனையில் பக்கவாட்டு ஆரம் ஏறக்குறைய 8 மைக்ரான்; மைக்ரோலீனியரில் 3. தோசைத் திருப்பியின் ஓரம் சட்டியின் மூலைக்குள் நுழைவது போல அது நுழைந்துவிடுகிறது. மேற்கத்திய சிம்ஃபனிகளுக்கு இதில் இரட்டைத் துரதிர்ஷ்டம். பித்தோவனின் ஒன்பதாம் சிம்ஃபனியில் கோரஸ் மொத்தமும் எழுந்து நின்று முழங்குவது கடைசியில், அதாவது கடைசிப் பந்தியில்.

இங்கே ஒருவர் கையைத் தூக்குவார். தூக்கட்டும், அவர் கையில் டெனான் டிஎல்-103 இருக்கிறது. ஜப்பானிய ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யோடு சேர்ந்து 1960களின் தொடக்கத்தில் உருவாக்கி, அறுபது ஆண்டுகள் தாண்டியும் தயாரிப்பில் இருக்கும் கார்ட்ரிட்ஜ் அது. முனை சுத்தமான உருண்டை, ஆரம் 16.5 மைக்ரான். ஆனாலும் அதைக் கேட்டு உருகுபவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். முனைதான் முக்கியம் என்றால் இது எப்படி? நல்ல கேள்வி, பதிலும் அதே ரசிகர்களிடம் இருக்கிறது. டிஎல்-103 ஒலிபரப்பு நிலையத்துக்காகச் செய்தது. அங்கே ஊசி நாளெல்லாம் தூக்கி வைக்கப்படும், தட்டு பின்னோக்கித் திருப்பப்படும், அவசரத்தில் இடிபடும். உருண்டை இதையெல்லாம் தாங்கும்; கோணம் கொஞ்சம் பிசகினாலும் முகம் சுளிக்காது. அதன் நடுத்தர ஒலியின் செழுமையை நான் மறுக்கவில்லை. ஆனால் டிஎல்-103 பக்தர்களில் கணிசமானோர் என்ன செய்கிறார்கள்? அதைத் தொழிலறிந்தவரிடம் அனுப்பி, உருண்டை வைரத்தைப் பிடுங்கிவிட்டுக் கூரிய முனை வைத்து வாங்கிக்கொள்கிறார்கள். மூலவரை அப்படியே வைத்துவிட்டு மூக்கை மட்டும் மாற்றும் இந்தத் திருப்பணி என் கட்சிக்கு நல்ல சாட்சி.

இதே கார்ட்ரிட்ஜ் இன்னொரு வாதத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறது. ‘மூவிங் மேக்னட் எல்லாம் தொடக்கப்பள்ளி, மூவிங் காயிலுக்கு ஏறினால்தான் கல்லூரி’ என்பது இந்த வட்டாரத்தில் வேதவாக்கு. முதல் வகையில் தண்டின் மறுமுனையில் காந்தம் அசையும்; இரண்டாவதில் கம்பிச்சுருள் அசையும். அசையும் பாகம் இலேசானால் ஊசி சுறுசுறுப்பாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் டிஎல்-103ம் மூவிங் காயில்தான். கல்லூரிக்குப் போயும் முனை உருண்டை. மோட்டார் வேறு, முனை வேறு என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? தவிர, காயில்காரரின் குரல் சன்னம். 2எம் ரெட் 5.5 மில்லிவோல்ட் கொடுக்கிற இடத்தில் டிஎல்-103 கொடுப்பது 0.3. பதினெட்டில் ஒரு பங்கு. அதைக் கேட்கிற அளவுக்கு உயர்த்த வேறு ஃபோனோ ஸ்டேஜோ, ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மரோ வேண்டும், அதில் ‘உஸ்’ஸென்ற இரைச்சல் வராமலிருக்க நல்லதாக வேண்டும், நல்லது என்றால் விலை. ஊசி தேய்ந்தால் நாமே உருவி மாற்றவும் முடியாது. பெரும்பாலும் முழு கார்ட்ரிட்ஜையும் திருப்பி அனுப்ப வேண்டும். பெண்ணுக்கு நகை போட்டு அனுப்பினால் போதும் என்று நினைத்தவரிடம், பிறகு மாப்பிள்ளைக்கு வண்டி, வண்டிக்கு பெட்ரோல் என்று பட்டியல் நீளுவது போலத்தான். எல்லாவற்றுக்கும் வசதி இருப்பவர் தாராளமாகப் போகட்டும். கையில் ஒரு தொகைதான் என்றால், உருண்டை முனை வைத்த காயிலைவிடக் கூரிய முனை வைத்த மேக்னட்டுக்கே என் ஓட்டு.

‘என் தட்டுகள் எல்லாம் பழசு, கூரிய முனை கீறலைத்தான் இன்னும் துல்லியமாகக் கேட்கவைக்கும்’ என்பவரின் பேச்சில் பாதி நியாயம். பழைய கனத்த ஊசிகள் உழுத தடத்தில், அந்த ஊசிகள் தொடாத உயரத்தில் போய் உட்காரும் வாய்ப்பு நீண்டு மெலிந்த முனைக்கு உண்டு. அங்கே இசை இன்னும் பிழைத்திருக்கலாம். ஆனால் முழுச் சுவரும் சிதைந்திருந்தால் மைக்ரோலீனியர் உடைசலையும் உள்ளபடி சொல்லும். பாகவதர் காலத்து 78 சுற்றுத் தட்டுகள் வீட்டில் இருந்தால் விஷயமே வேறு. அந்தத் தடம் எல்.பி.யைவிட மிகவும் அகலம், எல்.பி. ஊசி அதன் அடியில் போய்க் குப்பையில் புரண்டு, தானும் கெடும். அதற்குத் தனி ஊசி வாங்குவது ஆடம்பரம் இல்லை. சூட்கேஸ் வடிவில் வரும், எடையைச் சரிசெய்ய வழியில்லாத மலிவு பிளேயர்களில் செராமிக் கார்ட்ரிட்ஜ் இருக்கும். அதை வைத்திருப்பவர்களுக்கு என் யோசனை சுருக்கம்: பிளேயரை மாற்றுங்கள்.

கூரிய முனைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு; அதை மறைத்தால் வாதம் நேர்மையாகாது. உருண்டை எந்தப் பக்கம் திரும்பினாலும் உருண்டைதான், கோணல் தெரியாது. மெலிந்த முனை ஒரு கோடு. ஒன்றிரண்டு டிகிரி பிசகினாலே பலன் போகும். தட்டை வெட்டிய கருவி நேர்கோட்டில் நகர்ந்தது. கார்ட்ரிட்ஜைத் தாங்கும் நம் டோன் ஆர்ம் ஒரு மூலையில் கட்டிய மாடு போல வட்டத்தில் நகர்கிறது. இந்த முரணை எந்த இடத்தில் எவ்வளவு சமாளிப்பது என்பதற்கு லோஃப்கிரன் என்பவர் 1938லும் பேர்வால்ட் என்பவர் 1941லும் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். நடுவிலிருந்து 66, 121 மில்லிமீட்டரை ஒட்டிய இரண்டு இடங்களில் கோணப் பிழை பூஜ்யமாகும்படி அமைப்பது பொதுவான முறை; அச்சடித்த அளவுத்தாளும் பொறுமையும் போதும். அழுத்தம் இரண்டு கிராம் என்றால் நகைக்கடைத் தராசு மாதிரி ஒரு சின்னக் கருவியில் பார்த்து இரண்டு கிராமே வைக்க வேண்டும். தட்டு தேயுமே என்று பாசத்தில் குறைத்தால் ஊசி தடத்தில் துள்ளி அதிகமாகவே கெடுக்கும். கடைசியாக ஜாதகம்: ஆர்மின் எடையும், கார்ட்ரிட்ஜ், திருகுகளின் எடையும், ஊசித் தண்டின் நெகிழ்வும் சேர்ந்து ஒரு அதிர்வெண்ணில் ஆடும். அது 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் இருந்தால் பொருத்தம் உத்தமம். 10 கிராம் ஆர்மில் நெகிழ்வு 20 உள்ள 2எம் ரெட்டைப் பூட்டினால் 8.3 வரும், பாஸ். டிஎல்-103க்கு நெகிழ்வு மிகக் குறைவு. கனத்த ஆர்ம் இருந்தால்தான் குடும்பம் நடக்கும்.

‘இவ்வளவு விலை கொடுத்தும் ஊசிதானே, தேயும்தானே’ என்பது கடைசி முட்டுக்கட்டை. தேயும். ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம் என்றால் ஊசி நானூறு மீட்டருக்கு மேல் உரசிக்கொண்டே ஓடுகிறது. ஆடியோ டெக்னிக்கா சொல்லும் ஆயுள் உருண்டைக்கு 500 மணி நேரம், நீள்வட்டத்துக்கு 300, மைக்ரோலீனியருக்கு 1,000. நீள்வட்டத்தைப் போல மூன்று மடங்கு விலை கொடுத்தாலும் மணிக்கணக்கில் மைக்ரோலீனியர் கட்டுப்படியாகும். தினம் ஒரு எல்.பி. கேட்பவருக்கு 300 மணி நேரம் ஒன்றேகால் வருடத்தில் தீரும். 1,000 மணி நேரம் நான்கு வருடம் வரும். ஆனால் ஊசி என்றைக்குப் போட்டது என்று கேட்டால் பலரும் மோட்டுவளையைத்தான் பார்க்கிறார்கள். தேய்ந்த முனை ஒவ்வொரு தட்டையும் கொஞ்சம் கொஞ்சமாக உழுது, நாளைக்கு வரப்போகும் நல்ல ஊசிக்கும் ஒன்றும் மிச்சம் வைக்காது. கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதியைச் சமையலறைக் காலண்டரில் குறித்து வைக்கிற வீடுதானே நம்முடையது? அதே காலண்டரில், அதே பேனாவால், ஊசி மாற்றிய தேதியையும் குறித்துவிடுங்கள்.