வவுச்சர் இல்லாத மணிகள்

சி.ஏ. இறுதித் தேர்வு எழுதுகிறவர்களுக்கு இப்போது படிப்பதற்கென்றே ஆறு மாதம் கிடைக்கிறது. 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய பாடத்திட்டத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் என்கிற அலுவலகப் பயிற்சி இரண்டு வருடம்தான். அது முடிந்து ஆறு மாதம் ஆன பிறகே ஃபைனல் எழுதலாம். எட்டாக இருந்த தாள்களும் ஆறாகிவிட்டன. எண்பதுகளின் கடைசியில் நாங்கள் படித்தபோது ஆர்ட்டிகிள்ஷிப் மூன்று வருடம். படிப்பையும் வேலையையும் பிரிக்க வழியே இருக்காது. மே மாதம் தேர்வு, ஏப்ரல் முழுக்க வங்கிக் கிளைத் தணிக்கை. தர்மபுரி மாவட்டத்துக் கிளை ஒன்றில் நாளெல்லாம் நகைக்கடன் பைகளைப் பிரித்து எடை பார்த்துவிட்டு, இரவு பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜ் அறையில் கம்பெனிச் சட்டத்தைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே கண் சொக்கும்.

அந்தக் காலத்தில் எத்தனை மணி நேரம் படித்தாய் என்று யாரும் எங்களைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லவும் தெரிந்திருக்காது. பாரிமுனைக்குப் போகும் பஸ்ஸில் கொஞ்சம், கிளையண்ட் அலுவலகத்தில் மேனேஜர் சாப்பிடப் போன நேரத்தில் கொஞ்சம் என்று துண்டு துண்டாகப் படித்தோம். பொழுது முழுவதும் கையில் இருக்கிற இன்றைய பிள்ளைகள்தான் நிமிடம் நிமிடமாகக் கணக்கு எழுதுகிறார்கள்.

என் அக்கா மகள் திருச்சியிலிருந்து வந்து சைதாப்பேட்டையில் எங்கள் வீட்டில் தங்கி ஃபைனலுக்குப் படிக்கிறாள். காலையில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்விடுவாள். 2010இல் திறந்த நூலகம் அது. சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்க அங்கே தனி இடம் இருக்கிறது. அரசுத் தேர்வுகளுக்கும் சி.ஏ.வுக்கும் தயாராகிற பிள்ளைகள் நாள் முழுக்க அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் உட்கார்ந்ததும் செய்கிற முதல் வேலை, போனில் ஒரு செயலியைத் தட்டிவிடுவது. அது நேரத்தை எண்ணத் தொடங்கும். எழுந்தால் நிறுத்திவிட வேண்டும். இந்தூரிலும் ஜெய்ப்பூரிலும் கொச்சியிலும் இருக்கிற, முகம் தெரியாத பிள்ளைகளோடு அவள் ஒரு குழுவில் இருக்கிறாள். அன்றைக்கு யார் எத்தனை மணி நேரம் படித்தார்கள் என்று ராத்திரி தரவரிசை வரும்.

ஒருநாள் இரவு சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

"இல்ல மாமா. இன்னிக்கு 7 மணி நேரம்தான் ஆச்சு. குரூப்புல கடைசிக்கு முந்தின இடம்."

"என்ன படிச்சே?"

"காலைல எஃப்.ஆர். மாக் டெஸ்ட் ஒண்ணு எழுதினேன். மத்தியானம் உக்காந்து அதைத் திருத்தினேன். தலைவலி வந்துடுச்சு, வந்து படுத்துட்டேன்."

"நேத்து?"

"நேத்து பதினொண்ணரை. ஜி.எஸ்.டி. கிளாஸ் வீடியோ எல்லாம் ஒன்றரை மடங்கு ஸ்பீடுல பாத்து முடிச்சேன்."

மூன்று மணி நேரம் புத்தகத்தைத் தொடாமல் எஃப்.ஆர். என்கிற நிதி அறிக்கைத் தாள் முழுவதையும் எழுதி, அதைத் தானே திருத்தி, எங்கே விட்டோம் என்று கண்டுபிடித்த நாளுக்கு அவமானம். வீடியோ பார்த்துக்கொண்டிருந்த நாளுக்குப் பெருமை. எனக்கு மனது கலங்கிப்போனது. அவள் அந்த வாரத்தில் செய்த மிக உருப்படியான வேலை அந்தத் தேர்வு. அதற்குத்தான் அந்த எண் அவளைத் தண்டித்தது.

ஆர்ட்டிகிள்ஷிப்பில் சேர்ந்த புதிதில் எங்களுக்குக் கொடுத்த வேலை வவுச்சிங். பேரேட்டில் செலவு எழுதியிருக்கிறது என்பதற்காக டிக் போடக் கூடாது. ரசீதை எடு, தேதியைப் பார், தொகையைப் பார், அப்புறம் பேனாவைத் திற என்பார் எங்களுக்குப் பயிற்சி தந்த ஆடிட்டரான பிரின்ஸிபல். 11 மணி நேரம் படித்தேன் என்பது பேரேட்டுப் பதிவு. அதற்கான ரசீது, புத்தகத்தை மூடிவிட்டு என்ன எழுத முடிந்தது என்பது. ரசீது இல்லாத பதிவைத் தணிக்கையாளர் ஒப்புக்கொள்வதில்லை. தணிக்கையாளராகப் போகிற பிள்ளைகள் தங்களைப் பற்றிய பதிவை மட்டும் அப்படியே ஏற்றுக்கொள்கிறார்கள்.

எங்கள் அலுவலகத்தில் கும்பகோணத்துக்காரர் ஒரு சீனியர் இருந்தார். புத்தாண்டுக்குக் கிளையண்ட் கொடுத்த டைரியில் கோடு போட்டு வைத்திருப்பார். தாள், அத்தியாயம், நேரம் என்று மூன்று சின்னக் கட்டங்கள், நாலாவது பெரிய கட்டம். படித்து முடித்துப் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவிலிருந்து எழுதிப் பார்த்ததன் முடிவு அந்தப் பெரிய கட்டத்தில் இருக்கும். '80-எச்.எச்.சி. கணக்கீடு வந்தது, மொத்த விற்றுமுதலில் எதைச் சேர்க்கக் கூடாது என்பது வரவில்லை' என்று இருக்கும். ஏற்றுமதி லாபத்துக்கான அந்த வருமான வரிக் கழிவு எங்கள் தலைமுறையைப் படாத பாடு படுத்திய பிரிவு. நாலு நாள் கழித்து அதே வரிக்குப் பக்கத்தில் வேறு மையில் 'வந்தது' என்றோ 'மறுபடி இல்லை' என்றோ சேர்த்திருப்பார். டைரியை யாருக்கும் காட்டிப் பெருமை பேசியதில்லை. நான்தான் வலியக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். "தம்பி, நேரக் கட்டத்தைப் பாக்காதே, அது நான் எப்போ ஓயறேன்னு தெரிஞ்சுக்கறதுக்கு" என்றார். ராத்திரி பத்துக்கு மேல் படித்ததெல்லாம் பெரிய கட்டத்தில் பெரும்பாலும் 'இல்லை' என்றே முடிந்திருந்ததை அவர் கவனித்து, விடியற்காலைக்கு மாறிக்கொண்டார்.

அவர் ஃபைனல் தாள்களின் இரண்டு குரூப்பையும் ஒரே தடவையில் தேறினார். ஒருவர் தேறியதை வைத்து ஒரு முறை சரி என்று சொல்லிவிட முடியாதுதான். ஆனால் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனை அந்தப் பெரிய கட்டத்துக்கு மிக நெருக்கமானது. மாணவர்களில் ஒரு பகுதியினர் ஒரு பாடத்தை நான்கு சுற்றிலும் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு பகுதியினர் ஒரு சுற்றில் படித்துவிட்டு, மூன்று சுற்றில் பார்க்காமல் எழுதினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது முதல் பகுதியினருக்கு நினைவிருந்தது சுமார் 40 சதவீதம், இரண்டாமவர்களுக்கு 61. என்னை அதைவிட யோசிக்க வைத்தது வேறொன்று. தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள் படித்துக்கொண்டே இருந்தவர்கள்தான். மணிக்கணக்கு தருகிற நிம்மதியும் அந்த நம்பிக்கையும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்று நினைக்கிறேன்.

அதற்காக நேரத்தையே எழுதாதே என்று அவளிடம் நான் சொல்லவில்லை. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர்களுக்கு அது அவசியம். முதலீட்டுத் துறையினர் எழுதும் சி.எஃப்.ஏ. தேர்வில் ஒரு நிலைக்குச் சுமார் 300 மணி நேரம் படிக்க வேண்டியிருக்கும் என்று அதை நடத்துகிறவர்களே சொல்கிறார்கள். வாரத்துக்கு 12 மணி நேரம்தான் ஒதுக்க முடியும் என்றால் எத்தனை மாதத்துக்கு முன்னால் ஆரம்பிக்க வேண்டும் என்று அந்த எண் சொல்லிவிடும். ஆரம்பிக்கும் முன் பார்க்க வேண்டிய எண் அது.

மணிக்கணக்கால் வருகிற இன்னொரு பயன் எனக்கு மிகப் பெரியதாகப் படுகிறது. மறுநாள் அவளிடம், "மொத்தத்தை விடு, தாள் தாளாப் பிரிச்சுக் காட்டு" என்றேன். செயலியில் அந்த வசதியும் இருந்தது, அவள் திறந்ததில்லை. ஒரு மாதக் கணக்கில் எஃப்.ஆரும் ஜி.எஸ்.டி.யும் வானளாவ நின்றன. ஆடிட் தாளுக்கு அந்த மாதம் முழுவதிலும் ஒரு நாள் நேரம்கூட இல்லை.

"ஆடிட் எடுத்தா தூக்கம் வருது மாமா. எஃப்.ஆர். போட்டா ஏதோ படிச்ச மாதிரி இருக்கு."

அவள் சொன்னது முழு உண்மை. கணக்குப் போட்டால் விடை வந்துவிடும், மனசு நிறையும். தணிக்கைத் தரங்களை உட்கார்ந்து படித்தால் ஒன்றும் பிடிபடாது. ஆனால் சி.ஏ. தேர்வில் ஒரு குரூப் தேற ஒவ்வொரு தாளிலும் 40 வேண்டும், குரூப் மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். எஃப்.ஆரில் 80 வாங்கி ஆடிட்டில் 39 வாங்கினால் அந்த குரூப் போய்விடும். 60ஓ அதற்கு மேலோ வாங்கிய தாளை மறுபடி எழுத வேண்டாம் என்ற எக்ஸம்ப்ஷன் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் மறுபடி ஒரு அட்டெம்ப்ட், மறுபடி மாதக்கணக்கில் வீட்டிலிருந்து பணம். தேர்வு தாள் தாளாகப் பார்க்கிறது. செயலி மொத்தத்தைக் காட்டுகிறது. பிடித்த தாளில் குவித்த நேரம், பயந்து ஒதுக்கிய தாளை மறைத்துவிடுகிறது. பிரித்து எழுதினால் எதற்குப் பயப்படுகிறோம் என்பது தெரிந்துவிடும். எழுதுகிறவர் தனக்காக மட்டும் எழுத வேண்டும், அவ்வளவுதான். முகம் தெரியாத குழு பார்க்கிறது என்றால் எவரும் ஆடிட்டைத் திறக்க மாட்டார்கள், எண்ணைப் பெருக்கும் வேலையைத்தான் செய்வார்கள்.

பயிற்சி நடத்துகிறவர்கள் சிலர் தினமும் மணிக்கணக்கு அனுப்பச் சொல்லி அதைப் பெற்றோருக்கும் காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அது எனக்குக் கோபத்தையே தருகிறது. இருபத்திரண்டு வயதுப் பிள்ளையை அது பொய் எழுத வைக்கும், இல்லையென்றால் தூங்கவிடாது. அதற்குப் பதிலாகப் பயிற்சி நடத்துகிறவர்கள் நாளுக்கு ஒரு கேள்விக்கு விடை எழுதி அனுப்பச் சொல்லலாம். திருத்தித் தருவது கடினமான வேலைதான், கட்டணம் வாங்குவது அதற்கும் சேர்த்துத்தானே.

அவள் இப்போது குழுவிலிருந்து விலகிவிட்டாள். கும்பகோணத்துக்காரரின் நாலு கட்டத்தை ஒரு நோட்டில் போட்டுக்கொடுத்தேன். ஆடிட் கட்டம் முதல் இரண்டு வாரம் 'இல்லை', 'இல்லை' என்றே இருந்தது. தரங்களின் எண்ணையும் பெயரையும் மட்டும் முதலில் எழுதிப் பழகி, பிறகு ஒவ்வொன்றிலும் தணிக்கையாளர் என்ன செய்ய வேண்டும் என்று எழுத ஆரம்பித்தபின் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது. வாரத்துக்கு ஒரு விடை என்னிடம் தருகிறாள். தேர்வை நடத்துகிற ஐ.சி.ஏ.ஐ. வெளியிடுகிற மாதிரி விடைகளை வைத்துக்கொண்டு திருத்துகிறேன். சட்டங்கள் மாறிவிட்டன, நானும் சேர்ந்து படிக்க வேண்டியிருக்கிறது.

ஆறாம் தாளுக்கு மட்டும் அந்த நாலாவது கட்டம் ஒத்துவரவில்லை. எல்லாப் பாடங்களையும் கலந்து நிறுவனங்களின் கதைகளாகக் கேட்கிற தாள் அது, புத்தகம் பார்த்தே எழுதலாம், 4 மணி நேரம். எங்கள் காலத்தில் அப்படி ஒன்று இருந்ததே இல்லை. மூடிவைத்து எழுதிப் பார்ப்பதில் அங்கே பாதிப் பயன்தான். எந்தச் சட்டம், எந்தத் தரம், எந்தப் பக்கம் என்று கைக்கு உடனே வருகிறதா என்பதில் மீதி இருக்கிறது. இரண்டு பேரும் யோசித்து அந்தக் கட்டத்தை மாற்றினோம். கேள்வியைப் படித்து முடித்ததிலிருந்து சரியான பக்கத்தை எடுக்கும்வரை எத்தனை நிமிடம் என்று எழுதுகிறாள். அதற்கு அந்தப் பழைய செயலியைத்தான் பயன்படுத்துகிறாள். போன வாரம் ஒரு கேள்விக்கு 9 நிமிடம் ஆனது. அதே மாதிரிக் கேள்வி நேற்று 4 நிமிடத்தில் முடிந்தது.