செட்டிங்ஸ் அண்ணன்

வீடியோ விளையாட்டுகளை நேரலையில் காட்டும் இளைஞர்கள் நாலைந்து பேர் சேர்ந்துவிட்ட இடங்களில், எவரும் அழைக்காமலே பொறுப்பேற்றுக்கொள்ளும் மூத்தவர் ஒருவர் தோன்றிவிடுகிறார். அவர் தாமாக எதையும் ஒளிபரப்புவதில்லை. எனினும் பிறருடைய கணினியின் முன் அமர்ந்துவிட்டால், காட்சிகளைப் பதிவுசெய்து ஒளிபரப்ப உதவும் ஓபிஎஸ் என்னும் மென்பொருளைத் திறந்து, அதில் எதையேனும் மாற்றாமல் அவரால் எழ இயலாது என்பதால், இளையோர் அவரைச் செட்டிங்ஸ் அண்ணன் என்றே அழைக்கின்றனர்.

அண்ணனின் அதிகாரம் செல்லுபடியாகும் துறை என்கோடிங். 1920-க்கு 1080 என்ற அளவில் நொடிக்கு 60 படங்களாக ஓடும் காட்சியைச் சுருக்காமல் வைத்தால், ஒரு நொடிக்கே 370 மெகாபைட்டுக்கு மேல் இடம் பிடிக்கும்; ட்விட்ச் தளத்தில் வழக்கத்தில் உள்ள 6000 கிலோபிட் வேகத்தில் அனுப்ப வேண்டுமானால், அதே நொடி முக்கால் மெகாபைட்டுக்குள் அடங்கியாக வேண்டும். இப்படிச் சுருக்கித் தருவதே என்கோடரின் வேலை. மையச் செயலி தன் மற்ற வேலைகளோடு இதையும் சுமந்து திணறிவந்த காலத்தில், 2011-இல் இன்டெல் நிறுவனம் குயிக் சிங்க் என்ற பெயரிலும், 2012-இல் என்விடியா நிறுவனம் என்வென்க் என்ற பெயரிலும் இதற்கென்றே தனிச் சுற்றைச் சிப்புக்குள் பதித்துக் கொடுத்தன.

"அது தனி சர்க்யூட், தம்பி, கேமை ஒண்ணுமே பண்ணாது" என்று அண்ணன் அடித்துச் சொல்வது பெருமளவு உண்மைதான். அவர் சொல்லாமல் விடுவது, அந்தச் சுற்றுக்குள் படம் போய்ச் சேரும் முன் நடப்பதை. விளையாட்டின் காட்சி, ஓரத்தில் தெரியும் முகம், மேலே ஓடும் எழுத்து ஆகியவற்றை ஒரே படமாக ஒட்டித் தருகிற வேலையை ஓபிஎஸ், விளையாட்டு பயன்படுத்தும் அதே வரைகலைக் கருக்களைக் கொண்டே செய்கிறது. விளையாட்டுக்கு வேக வரம்பு வைக்காமல் விட்டு, அது கிராபிக்ஸ் கார்டின் ஆற்றலில் 99 விழுக்காட்டை விழுங்கிவிடும்போது, ஒட்டும் வேலைக்கு முறை கிடைக்காமல் போக, என்கோடர் வேலையின்றி உட்கார்ந்திருக்க, பார்ப்பவருக்கோ காட்சி விக்கி விக்கி ஓடுகிறது. படம் ஒட்டுவதில் தவறியவை, சுருக்குவதில் விடுபட்டவை, இணைய நெரிசலில் உதிர்ந்தவை எனப் பிரேம் இழப்பை ஓபிஎஸ் தனித்தனியே எண்ணிக் காட்டுகிறது. அந்தப் பட்டியல் ஒன்றிரண்டு கிளிக்கில் திறந்துவிடும். அண்ணன் அதைத் திறந்ததாகத் தகவல் இல்லை.

அவருடைய முதல் தீர்ப்பு, கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை நீக்கிவிட்டுப் புதியதை நிறுவுவது. இருப்பதே புதியது எனத் தெரியவந்தால், "புதுசுலதான் பிரச்சினை, பழசைப் போடு" என்பார். இரண்டும் பலிக்காவிட்டால் பிட்ரேட்டை, அதாவது நொடிக்கு அனுப்பும் தரவின் அளவை, வீட்டு இணைய இணைப்பு தாங்காத உயரத்துக்கு ஏற்றுவார். என்கோடரைத் திறக்க முடியவில்லை என்று பிழைச்செய்தி வந்தால், பின்னால் ஓடும் வேறு பதிவு மென்பொருளை மூடிப் பார்க்குமாறு அச்செய்தியே சொன்னாலும், அவர் "கார்டு பத்தாது" என்றுவிடுவார். விந்தை என்னவெனில், கார்டு உண்மையிலேயே பத்தாத இடத்தில் மட்டும் அதை அவர் ஏற்பதில்லை: என்வென்க் சுற்றே இல்லாத ஜிடி 1030 கார்டில் அந்த விருப்பத்தைத் தேடித் தேடி ஒரு மாலை முழுவதும் டிரைவர் மாற்றும் பொறுமை அவரிடம் உண்டு. நள்ளிரவில் கூப்பிட்டாலும் வருகிறார், காசு கேட்பதில்லை என்பதனால் அவரை எவரும் தடுப்பதுமில்லை.

டிரைவர் இறங்கிக்கொண்டிருக்கையில் அண்ணன் மொட்டைமாடியில் தேநீர் குடிக்கப் போகும் இடைவெளியில், அந்த வீட்டுத் தம்பி விளையாட்டின் வேகத்தை 60 பிரேமுக்குக் கட்டுப்படுத்திவிட, அலறிக்கொண்டிருந்த விசிறியின் சத்தம் தணிகிறது. ஒட்டுவதில் தவறிய பிரேம்களின் எண்ணிக்கை நின்ற இடத்திலேயே நிற்கிறது. பிறகு புது டிரைவர் ஏறி, கணினி மறுபடி தொடங்கி, பதிவு வழுவழுவென்று ஓடும்போது, "பாத்தியா? நான் அப்பவே சொன்னேன்ல" என்கிறார் அண்ணன். "ஆமாண்ணே" என்கிறான் தம்பி. அதற்குள் அவர் கைப்பேசி ஒலிக்கிறது. மைக்கில் குரல் கேட்கவில்லை என்று அழைத்த இன்னொருவனிடம், கிராபிக்ஸ் கார்டு டிரைவரை முதலில் தூக்கச் சொல்லியபடியே அவர் செருப்பை மாட்டுகிறார்.