சூட்டில் கிளம்பாமை: பழைய டீசல் லாரி குறித்த ஒரு திணை ஆராய்ச்சி

பாயிரம்

இரவெல்லாம் பனியில் நின்ற பழைய டீசல் லாரி விடியற்காலையில் ஒரே செல்ஃபில் கிளம்பிவிடுவதும், அதே லாரி முற்பகல் முழுவதும் பாரம் இழுத்துவிட்டு டீக்கடை வாசலில் சற்று நேரம் அணைத்து வைக்கப்பட்ட பின், எத்தனை செல்ஃப் அடித்தாலும் கிளம்ப மறுப்பதும் நெடுஞ்சாலைகள் அறிந்த செய்தியே ஆயினும், அதற்கு முறையான ஓர் இலக்கணம் இதுவரை வகுக்கப்பட்டதாகத் தெரியவில்லை. செல்ஃப் என்பது எஞ்சினை முதன்முதலில் சுழற்றிவிடும் மின்மோட்டார். இவ்வாராய்ச்சிக்கு முன்னே ரேடியேட்டரும் பின்னே டீசல் டேங்கும் எல்லை. கணினி புகாத, இரும்பும் எண்ணெயும் மட்டுமே அறிந்த பம்ப் உடைய லாரிகளே நுதலிய பொருள். கேட்போர் மூவர்: ஓட்டுநர், கிளீனர், உரிமையாளர், இவர்களுள் மூன்றாமவர் பாதியில் எழுந்து போய்விடுவார் என்பது முடிவுரையில் நிறுவப்படும். செலவில்லாதவற்றை முதலில் பார்த்துவிட்டுச் செலவுள்ளதற்குப் பிறகு வருதல் இதன் பயன்.

முரணை எடுத்துரைத்தல்

டீசல் எஞ்சினில் பெட்ரோல் எஞ்சினைப் போலத் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. ருடால்ஃப் டீசல் 1892இல் காப்புரிமை கோரி, 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய எந்திரத்தின் அடிப்படைக் கருத்து, காற்றைப் போதிய அளவு நெருக்கினால் அதன் வெப்பமே எரிபொருளைப் பற்றவைத்துவிடும் என்பதாகும். லாரி எஞ்சினில் காற்று ஏறத்தாழப் பதினாறில் ஒரு பங்காகவோ அதற்கும் குறைவாகவோ நெருக்கப்படும்போது அதன் வெப்பம் 500 பாகை செல்சியஸைக் கடக்கிறது. டீசலோ அதில் பாதி வெப்பத்திலேயே தானாகப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. ஆகவே இந்த எந்திரத்துக்குப் பகை குளிரே அன்றி வெப்பமன்று. காலையில் அடம்பிடித்து மதியம் பணியும் லாரியே இயற்கையானது. காலையில் பணிந்து மதியம் அடம்பிடிக்கும் லாரி தன்னைப் படைத்தவரின் கொள்கைக்கே மாறாக நடக்கிறது எனத் தோன்றும்.

அவ்வாறு தோன்றுவது மயக்கம். எஞ்சின் என்னும் சொல்லுக்குள் பல குடித்தனங்கள் இருக்கின்றன. அவற்றுள் சிலிண்டர் வெப்பத்தை விரும்பும். எரிபொருளை அழுத்தி அனுப்பும் டீசல் பம்பும், சுழற்றிவிடும் செல்ஃபும் வெப்பத்தை வெறுக்கும். சூட்டில் கிளம்பாமை என்பது ஒரே கூரையின் கீழ் வாழும் இவர்களுக்கு இடையே எழும் உட்பூசலே என்பது இக்கட்டுரையின் துணிபு.

முதற்பொருள்: நிலமும் பொழுதும்

ஒரு பொருளை ஆராயுமுன் அதன் நிலத்தையும் பொழுதையும் வரையறுப்பது தொல்காப்பியம் காட்டிய நெறி. பாலைக்குப் பெரும்பொழுது வேனில், சிறுபொழுது நண்பகல், உரிப்பொருள் பிரிதல் என்ற மரபு இக்குறைபாட்டுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதைப் பார்த்தால், பண்டையோர் லாரியைக் கண்டிராதது தற்செயலே என்று சொல்லத் தோன்றும். சித்திரை வெயிலில், உச்சிப்பொழுதில், பாரத்தோடு மேடேறி வந்து நிற்கும் லாரியிடமே இக்குணம் மிகுதியாகக் காணப்படுகிறது.

பொழுதுக்குள்ளும் ஒரு நுண்பொழுது உண்டு. லாரி ஓடும்போது விசிறி காற்றை இழுக்கிறது, ரேடியேட்டர் நீர் சுற்றுகிறது, டேங்கிலிருந்து வரும் டீசல் பம்பைக் கழுவிச் செல்கிறது. எஞ்சினை அணைத்த கணத்தில் இம்மூன்றும் ஒருசேர நின்றுபோக, எஞ்சினின் இரும்புப் பிண்டத்தில் தேங்கிய வெப்பம் போக்கிடமின்றி அருகிலுள்ள பம்புக்கும் குழாய்களுக்கும் செல்ஃபுக்கும் பரவத் தொடங்குகிறது. ஆதலால் அணைத்த உடனே மீண்டும் முடுக்கினால் லாரி கிளம்பிவிடும். சில மணிநேரம் ஆறவிட்டாலும் கிளம்பிவிடும். இடைப்பட்ட கால் மணி, அரை மணி நேரத்திலேயே பம்பின் சூடு உச்சத்தில் நிற்கிறது. டீ, வடை, பீடி, பக்கத்து லாரிக்காரரோடு வாடகை பேசுதல் ஆகிய செயல்கள் அனைத்தும் இந்த இடைப்பொழுதுக்குள்ளேயே அடங்குகின்றன என்பது ஆராய்ச்சி உலகம் இதுவரை கவனிக்கத் தவறிய உண்மை.

உரிப்பொருள்: பிரிதல்

டீசலை உயர் அழுத்தத்தில் தெளிக்கும் இயந்திரப் பம்பை உருவாக்கும் பணியை ராபர்ட் போஷின் நிறுவனம் 1922இல் தொடங்கி, 1927இல் பெருமளவு உற்பத்திக்குக் கொண்டுவந்தது. அதன் இந்தியக் கிளையாகப் பெங்களூரில் 1951இல் தோன்றிய நிறுவனத்தின் சுருக்கப்பெயரால் அப்பம்ப் இன்றும் பட்டறைகளில் மைக்கோ பம்ப் என்றே வழங்குகிறது. அதனுள் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஓர் எலிமென்ட் உண்டு. எலிமென்ட் என்பது பேரல் எனப்படும் குழலும், அதற்குள் ஏறி இறங்கும் பிளஞ்சர் எனப்படும் தண்டும் சேர்ந்த இணை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி சில மைக்ரான் மட்டுமே. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த இடைவெளியை அடைக்க ரப்பரோ வளையமோ கிடையாது. அங்கே புகுந்து நிற்கும் டீசலின் பிசுக்கே காவல்.

இக்காவலைக் கெடுத்து இணையைப் பிரிவுக்கு உள்ளாக்கும் பகைகள் இரண்டு. முதற்பகை தேய்மானம். ஒழுக்கின் அளவு இடைவெளியின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், இரண்டு மைக்ரான் நான்காக விரிந்தால் ஒழுக்கு இரண்டு மடங்கன்று, எட்டு மடங்கு ஆகிறது. இரண்டாம் பகை சூடு. சூடேற ஏற டீசல் நீர்த்துப்போகிறது. நீர்த்த டீசல் அதே இடைவெளியில் மேலும் எளிதாக நழுவுகிறது. புதிய பம்பைச் சூடு மட்டும் வெல்லாது. தேய்ந்த பம்பைக் குளிரில் தேய்மானம் மட்டும் வெல்லாது. இரண்டும் கூடிய நண்பகலில் பிளஞ்சர் அழுத்தும் டீசல் நாசிலுக்குப் போகாமல் வந்த வழியே திரும்பிவிடுகிறது. நாசில் என்பது சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் முனை. அது திறப்பதற்கு ஏறத்தாழ 200 பார், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப்போல் இருநூறு மடங்கு தேவைப்படுவதால், குறைந்த அழுத்தத்துக்கு அது இமையைக்கூடத் திறப்பதில்லை.

அப்படியாயின் முற்பகல் முழுவதும் அதே பம்ப் பாரம் இழுத்தது எவ்வாறு என்ற தடை எழும். அதற்கு விடை வேகத்தில் உள்ளது. செல்ஃப் சுழற்றும்போது எஞ்சின் நிமிடத்துக்கு நூற்றைம்பது சுற்று அளவிலேயே திரும்புகிறது. பம்ப் அதில் பாதி வேகத்தில் திரும்புகிறது. பிளஞ்சர் மெல்ல ஏறுவதால் டீசல் ஒழுகிப்போக நிறைய அவகாசம் கிடைக்கிறது. ஓடும்போதோ சுற்று பல மடங்காகி, ஒழுகுவதற்குள் தெளித்து முடிந்துவிடுகிறது. தேய்ந்த பம்ப் ஓட்டத்தில் தன் குறையை மறைத்து, நிறுத்தி எழுப்பும்போது மட்டும் காட்டிக்கொடுப்பது இதனாலேயே. ஒரே இணை எல்லாச் சிலிண்டர்களுக்கும் மாறிமாறிப் பரிமாறும் ரோட்டரி பம்புகளில், அந்த ஓர் இணை தேய்ந்தாலே எல்லாச் சிலிண்டர்களும் ஒருசேரப் பட்டினி கிடப்பதால், இந்நோய் அங்கே இன்னும் வெளிப்படையாகத் தெரியும்.

கருப்பொருள்: மூன்று கொள்கையினர்

இத்திணைக்குரிய கருப்பொருள்களாவன: நீர்வாளி, நனைந்த சாக்கு, சக்கரத்துக்கு அண்டை கொடுக்கும் கல், மேடு. இவற்றை ஒட்டி ஓட்டுநர்கள் மூன்று கொள்கையினராகப் பிரிந்துள்ளனர்.

முதலாமவர் அணையாமைக் கொள்கையினர். நின்றால்தானே கிளம்ப வேண்டும் என்பது அவர்களது மூலவாதம். அவர்கள் லாரியை ஓடவிட்டபடியே உணவருந்துவர். மணிக்கு ஒன்றிரண்டு லிட்டர் டீசல் எரியினும், அது உரிமையாளர் கணக்கில் எரிவதால் கொள்கைக்கு ஊறு நேர்வதில்லை.

இரண்டாமவர் சரிவுக் கொள்கையினர். மேட்டில் நிறுத்தி, கல்லை எடுத்து, உருளவிட்டு, கியரில் போட்டுக் கிளப்புவது இவர்களது முறை. செல்ஃப் தரும் சுற்றைவிட உருளும் சக்கரம் மிகுந்த சுற்றைத் தருவதால் இம்முறை பலிக்கிறது. பலிப்பதனாலேயே குறை பம்பின் ஒழுக்கிலோ செல்ஃபின் தளர்ச்சியிலோ உள்ளது என்பதை இவர்கள் தாம் அறியாமலேயே நிறுவியுள்ளனர். எனினும், எஞ்சின் ஓடாதபோது பிரேக்குக்குரிய காற்று நிரம்பாது என்பதால், லாரி கிளம்பாமலே உருண்டால் கொள்கையினரும் கொள்கையும் ஒன்றாகப் பள்ளத்தை அடைவர். சமவெளியில் நல்ல டீக்கடை இருந்தும் மேட்டிலுள்ள சுமாரான கடையையே தேட வேண்டியிருப்பது இக்கொள்கையின் மற்றொரு குறை.

மூன்றாமவர் வாளிக் கொள்கையினர். பம்பின் மேல் நனைந்த சாக்கைப் போர்த்தியோ தண்ணீர் ஊற்றியோ சற்றுக் காத்திருந்து கிளப்புவர். இவர்களைப் பற்றிப் பின்னர் விரிக்கப்படும்.

காற்று புகும் வாயில் பெட்ரோல் துணியைக் காட்டிக் கிளப்புவோரும் உளர். பிஸ்டனும் புருவமும் ஒருசேரக் கருக வாய்ப்பிருப்பதால் அவர்கள் கொள்கையினராகக் கொள்ளப்படவில்லை.

பிறர் மதம் மேற்கொண்டு களைதல்

பம்பைக் குற்றவாளியாக்குமுன் மற்றவர்களை விசாரிப்பது முறை. காட்சியும் கருதலும் இங்கே அளவைகள்.

செவிக்குப் புலனாவது முதலில். செல்ஃப் இழுத்து இழுத்து மெல்லச் சுழன்றால் வழக்கு மின்சாரத்தின் மேலது. செம்பின் மின்தடை ஒரு பாகை சூட்டுக்கு நூற்றில் 0.4 பங்கு வீதம் ஏறுவதால், ஐம்பது பாகை கூடுதல் சூட்டில் தடை ஐந்தில் ஒரு பங்கு உயர்ந்துவிடும். புஷ் தேய்ந்த பழைய செல்ஃப் அத்துணைச் சுமையைத் தாங்காது. 12 வோல்ட் பேட்டரி செல்ஃப் அடிக்கும்போது ஒன்பதரை வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரியையும், போகாமலே செல்ஃப் தளர்ந்தால் கேபிளையும் எர்த் இணைப்பையும் செல்ஃபையும் ஐயுற வேண்டும்.

கண்ணுக்குப் புலனாவது அடுத்தது. செல்ஃப் நன்றாகச் சுழன்றும் லாரி கிளம்பாதபோது சைலன்சரைப் பார்க்க வேண்டும். வெண்புகை வந்தால் டீசல் சிலிண்டரை அடைந்தும் எரியவில்லை என்பது பொருள். அப்போது நாசில், டைமிங், வால்வு இடைவெளி ஆகியவை விசாரணைக்கு உரியவை. புகையே இல்லாவிடில் டீசல் போய்ச் சேரவில்லை. அணைப்பதற்காக இழுத்த ஸ்டாப் கேபிள் முழுதும் திரும்பாமல் பாதியில் நிற்கிறதா என்பதைப் பார்ப்பதற்குக் காசு தேவையில்லை. ஆயினும் பட்டறைக்குக் கட்டியிழுத்துச் சென்ற பிறகே பலரும் இதைப் பார்க்கின்றனர்.

டீசல் லைனில் ஏர் பிடித்துவிட்டது என்பது சாலையோரத்தில் பெருவழக்கான மதம். குழாய் இணைப்பின் வழியே காற்று புகுந்து டீசல் டேங்குக்கு இறங்கிவிடுவது உண்டே. எனினும் அது உண்மையாயின், அரை மணி நின்ற லாரியைவிட இரவெல்லாம் நின்ற லாரியே மிகுதியாக அடம்பிடிக்க வேண்டும். காலையில் ஒரே செல்ஃபில் கிளம்பும் லாரிக்கு இம்மதம் பொருந்தாது எனக் களையப்படுகிறது.

துணிபும் முடிவும்

மேற்கூறியவை அனைத்தும் குற்றமற்றவை எனத் தெளிந்தபின், நனைந்த துணியைப் பம்பின் மேல் போர்த்திச் சில நிமிடம் பொறுத்து, செல்ஃப் அடித்துப் பார்க்க வேண்டும். உடனே கிளம்பினால், குளிர்ந்து பிசுக்கேறிய டீசல் தேய்ந்த இடைவெளியைத் தற்காலிகமாக அடைத்தது என்றும், எலிமென்ட் தேய்ந்துவிட்டது என்றும் ஐயமின்றித் துணியலாம். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பம்பின் மேல் குளிர்நீரை ஊற்றலாகாது. வெளிக்கூடு சட்டென்று சுருங்கி உள்ளே சுழல்வதை இறுகப் பிடித்துக்கொண்டால் தேய்ந்த பம்ப் உடைந்த பம்பாகிவிடும்.

இங்கேதான் வாளிக் கொள்கையினர் வழுவுகின்றனர். வாளி நோயை அறிவிக்கும் கருவி; அதை அவர்கள் மருந்தாகக் கொண்டுவிட்டனர். மருந்து பம்ப் பட்டறையில் உள்ளது. பம்பைக் கழற்றி, எலிமென்ட்டையும் டெலிவரி வால்வையும் மாற்றி, சோதனை மேடையில் ஏற்றி ஒவ்வொரு சிலிண்டருக்கும் சம அளவு டீசல் போகுமாறு கேலிபரேஷன் செய்தால் லாரி மதியத்திலும் கிளம்பும். ஆனால் அதற்கான தொகையைக் கேட்டதும், பாயிரத்தில் குறிக்கப்பட்ட மூன்றாம் கேட்போர் எழுந்து, தண்ணீர் ஊற்றினால் கிளம்புகிறதல்லவா என்று வினவி வெளியேறுவார். அவர் கூற்றில் பிழையில்லை. அது கிளம்பத்தான் செய்கிறது. ஆகவே, சூட்டில் கிளம்பாமை அடுத்த வேனிலிலும் அதே மைக்ரான்களில் தொடரும் என்றும், ஒரு லாரியில் வாளி நிரந்தரமாகத் தொங்கத் தொடங்கிய நாளிலிருந்து அந்த லாரியின் நோய் எந்திரவியலை விட்டு நீங்கிக் கணக்கியலைச் சார்ந்துவிடுகிறது என்றும் இவ்வாராய்ச்சி முடிவு கூறுகிறது.