ஒரு வலை, பத்து அடுப்பு

எங்கள் குப்பத்தில் விருந்து என்றைக்கு என்று காலண்டரைப் பார்த்து யாரும் சொன்னதில்லை. கடல்தான் சொல்லும். ஆடி, தை, மாசி என்று பண்டிகைகள் வராமல் இல்லை. ஆனால் வீட்டில் அத்தனை பேரும் வயிறார உண்டு வாய்விட்டுச் சிரித்த நாட்களை இப்போது நினைத்துப் பார்த்தால், முக்கால்வாசி வெறும் செவ்வாய், புதன்கிழமைகள்தான். நைனா ஏறிப்போன கட்டுமரத்தில் வலை கனத்து வந்திருக்கும். அன்றைக்கு எங்களுக்குப் பண்டிகை.

எங்கள் ஊரான காட்டுப்பள்ளி எண்ணூருக்கு வடக்கே இருக்கிறது. கிழக்கே வங்கக் கடல். மேற்கே கொசஸ்தலை ஆற்றின் கழியும் பக்கிங்காம் கால்வாயும். வடக்கே போனால் பழவேற்காடு ஏரி. நடுவில் மணல்மேடும் சவுக்குத் தோப்பும். நான் சிறுமியாக இருந்தபோது ஒரு முழம் பூ வாங்குவதென்றாலும் தண்ணீரைத் தாண்ட வேண்டும். அதனால் யாராவது மீஞ்சூருக்கோ பழவேற்காட்டுக்கோ போய் வந்தால் தெருவுக்கே கொண்டாட்டம். துறையில் இறங்கும்போதே பிள்ளைகள் சூழ்ந்துகொள்வோம். காகிதப் பொட்டலத்தில் காராபூந்தியோ பொரியோ இருக்கும். யார் வீட்டுப் பிள்ளை என்று பார்க்காமல் கைக்குக் கொஞ்சம் விழும்.

மீன் விஷயத்திலும் அதே வழக்கம்தான். கரையில் மீனைக் கொட்டியதும், ஏலம் கூறுவதற்கு முன்பே கறிக்கு மீன் ஒதுக்கிவிடுவார்கள். கடலுக்குப் போன ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஒரு பங்கு. அதற்கு விலை கிடையாது. மீதிதான் ஏலத்துக்குப் போகும். விற்று வந்த காசில் மரத்துக்கும் வலைக்கும் உள்ள பங்கை எடுத்துவிட்டு, மிச்சத்தை ஆட்களுக்குச் சமமாகப் பிரிப்பார்கள். பணம் எவ்வளவு கிடைக்கும் என்பது வியாபாரி கையில் இருந்தது. கறிமீன் மட்டும் எங்கள் கையில் இருந்தது.

அந்த மீன் வீட்டுக்கு வந்ததும் என் பாட்டி, எங்கள் ஆயா, வாசலில் பழைய சாக்கை விரித்து உட்காருவாள். அரிவாள்மனையைத் தொடுவதற்கு முன்னால் கூறு போடுவாள். காரப்பொடி ஒரு பக்கம், சுதும்பு ஒரு பக்கம், பன்னா ஒரு பக்கம். பால்சுறாக் குட்டி ஒன்று கிடைத்திருந்தால் அது எங்கள் வீட்டில் தங்காது. பிள்ளை பெற்றவள் இருக்கும் வீட்டுக்குப் போய்விடும். புட்டு செய்து தின்றால் பால் ஊறும் என்பாள். நண்டு, இருமிக்கொண்டிருக்கும் குழந்தை உள்ள வீட்டுக்கு, ரசம் வைக்க. முள் குறைந்த மீன் பல் போன கிழவருக்கு. இப்படியெல்லாம் போக சாக்கில் மிஞ்சுவதுதான் எங்கள் குழம்புக்கு.

தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவது என் வேலை. ஒருநாள் முணுமுணுத்தேன்.

"நமக்கே கொஞ்சூண்டுதானே கீது ஆயா."

"நம்ம வூட்ல மட்டும் கொழம்பு வாசன வந்தா, எதுத்த வூட்டுப் பசங்க எப்டிடி தூங்கும்? எட்த்துனு போ."

போன தட்டு வெறும் தட்டாகத் திரும்பியதே இல்லை. ஒரு பிடி முருங்கைக்கீரை, இரண்டு முட்டை, ஒன்றும் இல்லாவிட்டால் நாலு உப்புக்கல்லாவது அதில் இருக்கும். நைனாவின் வலை வெறுமையாக வந்த நாட்களில் அதே தட்டுகள் எங்கள் வாசலைத் தேடி வந்தன. அப்போது இதை நான் பெரிதாக நினைக்கவில்லை. ஒரு வீட்டின் நல்ல நாள் இன்னொரு வீட்டின் கெட்ட நாளைத் தாங்கிப் பிடித்திருக்கிறது என்பது, நானே ஒரு குடும்பத்தை நடத்தும்போதுதான் விளங்குகிறது. எங்கள் சந்தோஷத்தில் பயம் கலக்காமல் இருந்ததற்குக் காரணம் அதுதான். நாளைக்கு மீன் படாவிட்டால் என்ன செய்வது என்று யாரும் இன்றைய சோற்றை யோசனையோடு தின்னவில்லை.

அம்மா பிறந்த வீடு பழவேற்காடு ஏரிப் பக்கம். சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி அது. பெரும்பகுதி ஆந்திராவில் இருந்தாலும் அதன் தென்கோடி எங்களுடையது. அங்கே பாடு என்ற முறை தலைமுறைகளாக இருக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம் ஆகிய ஊர்களில், ஏரியில் எந்த இடத்தில், எந்த முறையில், யார் இறால் வலை கட்டுவது என்பதை ஊரே கூடி வகுத்துக்கொள்ளும். நல்ல இடம் என்றைக்கும் ஒருவருக்கே சொந்தமாக முடியாது. இன்றைக்கு உனக்கு என்றால் நாளைக்கு இன்னொருவருக்கு. நடுவூர் மாதாக்குப்பத்துக்காரர்கள் கிறிஸ்தவர்கள். மற்றவர்கள் அம்மனைக் கும்பிடுகிறவர்கள். தண்ணீரைப் பங்கு போடும்போது அந்த வித்தியாசம் குறுக்கே வந்ததில்லை.

தாத்தாவின் முறை வரும் நாளைக் கணக்குப் பார்த்துத்தான் அம்மா எங்களைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவாள். விடியற்காலையில் தாத்தா தலையில் துண்டோடு ஈரம் சொட்ட வந்து நிற்பார். வெள்ளை இறால் கூடையில் துள்ளும். பேரப்பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து ஓடு உரிப்போம். பெரியம்மாக்களும் சித்திகளும் பேசாத கதை இருக்காது. யாருக்குக் கல்யாணம் நிச்சயமானது, யார் யாரோடு பேசுவதில்லை, அந்தச் சண்டையை எப்படித் தீர்ப்பது என்பதெல்லாம் அந்த இறால் உரிக்கும் வட்டத்தில்தான் முடிவாகும். தொக்கு வெந்து இறங்குவதற்குள் பாதிச் சண்டை சமாதானமாகியிருக்கும்.

பண்டிகை என்றால் ஆடி மாதக் கூழ். எங்கள் ஊர்களில் கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி. சொந்தப் படகு வைத்திருப்பவரும் கூலிக்கு ஏறுபவரும் ஒரே தொகைதான் கொடுப்பார்கள். முந்தின நாளே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைப்பார்கள். மறுநாள் கருக்கலில் பெரிய பானையில் நொய்யைக் குழையவிட்டு, புளித்த மாவை ஊற்றி, கட்டி தட்டாமல் கிளறவேண்டும். இரண்டு பெண்கள் மாறி மாறித் துடுப்புப் போடுவார்கள். ஆயா கையைத் தண்ணீரில் நனைத்துக் கூழைத் தொட்டுப் பார்ப்பாள். விரலில் ஒட்டினால், "இன்னும் கெளறு." ஒட்டாவிட்டால், "எறக்கு." அம்மனுக்குப் படைத்த பிறகு சின்ன வெங்காயமும் கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்கீரையுமாகத் தெருவில் உட்கார்ந்து குடிப்போம். எந்த வீட்டுக் கருவாட்டுக் குழம்பு நன்றாக இருந்தது என்ற பேச்சு அடுத்த ஆடி வரைக்கும் ஓடும்.

இதெல்லாம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்கள் போய் ஃபைபர் படகுகள் வந்தன. பிறகு எங்கள் குப்பமே பழைய இடத்தை விட்டு உள்ளே தள்ளிப் போனது. 2010 ஜூலையில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறந்தார்கள். நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நீரைச் சென்னைக்குக் கொடுக்கும் அளவில் கட்டியது. 2013 ஜனவரியில் துறைமுகம். நாங்கள் சிப்பி பொறுக்கிய கரையில் இப்போது கன்டெய்னர்கள் அடுக்கியிருக்கின்றன.

வந்ததில் நல்லது எதுவும் இல்லை என்று சொன்னால் அது பொய். முன்பு ராத்திரியில் ஒருத்திக்கு வலி கண்டால் படகு தேடுவார்கள். காற்றும் அலையும் பார்த்து, அவளைப் பாயில் படுக்கவைத்துத் தூக்கிப் போவார்கள். இன்று 108 வண்டி வாசலுக்கு வருகிறது. அண்ணன் மகள் பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போகிறாள். அண்ணி ஒப்பந்த வேலைக்குப் போகத் தொடங்கி முதல் சம்பளம் வாங்கிய மாதம், அந்தப் பணத்தில் ஒரு ஃபிரிட்ஜ் தவணைக்கு எடுத்தாள். அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்து, பூச்சுற்றி, கற்பூரம் காட்டினோம். அண்ணியின் முகத்தில் அன்றைக்கு இருந்த பெருமையை நான் வலை கனத்து வந்த நாளில் நைனா முகத்தில் பார்த்திருக்கிறேன். சந்தோஷத்துக்கு அந்தக் காலம், இந்தக் காலம் என்று கிடையாது.

வேறு ஒன்று மாறியிருக்கிறது. சம்பளம் தேதி பார்த்து வருகிறது, ஒருவரின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. அது வந்தது பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. தெரியாத நல்ல செய்தியில் யார் பங்கு கேட்பது, யாருக்குப் பங்கு கொடுப்பது? ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு வீட்டிலும் பிரியாணி வாசனை வருகிறது. ஒவ்வொரு வீடும் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறது. கெட்ட மாதமும் அப்படித்தான். ஒப்பந்தம் முடிந்து வேலை போன வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று தெரியாமலே ஒரு வாரம் ஓடிவிடுகிறது.

இது தானாக இப்படித்தான் ஆகும் என்று நான் ஏற்கவில்லை. எங்கள் வீட்டில் நடந்த ஒன்று எனக்கு நம்பிக்கை தருகிறது. அண்ணன் மகளின் பிறந்தநாளுக்கு முதன்முதலாக மீஞ்சூர் பேக்கரியிலிருந்து கேக் வந்தது. மெழுகுவத்தி ஊதி, பாட்டுப் பாடி, போட்டோ எடுத்து முடித்ததும் ஆயா கத்தியை வாங்கிக்கொண்டாள். கேக்கை அவள் அதற்கு முன் வெட்டியதில்லை. சாக்கின் மேல் மீனைப் பிரித்த அதே கணக்கில், எந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று வாயால் எண்ணிக்கொண்டே துண்டு போட்டாள். சர்க்கரை நோய் உள்ள பெரியவருக்குக் கேக் ஆகாது என்று அவர் வீட்டுக்கு மட்டும் இரண்டு வாழைப்பழம். பிறகு அண்ணன் மகளைப் பார்த்து, "எட்த்துனு போ" என்றாள். பிறந்தநாள்காரியே பட்டுப்பாவாடையோடு தெருவில் தட்டேந்தி ஓடினாள். அன்றிலிருந்து எங்கள் தெருவில் எந்த வீட்டுக்குக் கேக் வந்தாலும் அது தெருவுக்குப் பிரிகிறது.

2023 ஜூலை 14 அன்று சந்திரயான் 3 கிளம்பியபோதும் அப்படித்தான். ஸ்ரீஹரிகோட்டா எங்கள் ஏரிக்கு அந்தப் பக்கம். ராக்கெட் விடும் நாளில் இந்தப் பக்கத்து மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்று சொல்வார்கள். ஆண்கள் வீட்டில் இருக்கிறார்கள், அடுப்பில் சுண்டல் இருக்கிறது, வேறென்ன வேண்டும்? ஒரு மாடி வீட்டுக்குத் தெருவே ஏறியது. பிற்பகல் 2.35க்கு வடக்கே நெருப்பு எழுந்தது. சற்றுப் பொறுத்து அதன் உறுமல் வந்து சேர்ந்தது. பிள்ளைகள் கத்திய கத்தலில் கிழவிகள் கும்பிட்டார்கள். அன்று யார் கடலுக்குப் போகிற வீடு, யார் கம்பெனிக்குப் போகிற வீடு என்ற பேச்சு இல்லை. எல்லோர் கையிலும் ஒரே பானைச் சுண்டல்.

ஆக, கேக்கைப் பிரிக்கலாம், சுண்டலைப் பிரிக்கலாம். மனம் இருக்கிறது. ஆனால் விலை கொடுத்துக் கிலோ கணக்கில் வாங்கிய மீனை எத்தனை வீட்டுக்குப் பிரிக்க முடியும்? இன்று எங்கள் தெருவிலேயே பல வீடுகளுக்குச் சென்னைக் காசிமேட்டு மீன் வருகிறது. கழி மேடேறிவிட்டது. ஆற்றில் இறங்கித் தடவினால் முன்பு கிடைத்த இறால் இப்போது கிடைப்பதில்லை. ஆயா அவ்வளவு தாராளமாகக் கொடுத்ததற்கு அவள் நல்ல மனம் பாதிக் காரணம். மறுபாதிக் காரணம், அந்த மீன் யாருக்கும் சொந்தமில்லாத, எல்லோருக்கும் பொதுவான தண்ணீரிலிருந்து வந்தது. சின்னச் சின்ன விஷயங்களில் சந்தோஷம் காணுங்கள் என்று குடும்பங்களுக்குப் புத்தி சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சின்ன சந்தோஷத்துக்குப் பின்னால் ஒரு பெரிய ஆறு ஓட வேண்டியிருக்கிறது.

துறைமுகத்தை இன்னும் பெரிதாக்கும் திட்டம் ஒன்று இருக்கிறது. அதற்கான கருத்துக்கேட்புக் கூட்டத்தை 2021 ஜனவரி 22 என்றார்கள், தள்ளிப்போனது. 2023 செப்டம்பர் 5 என்றார்கள்; அதுவும் தள்ளிப்போனது. என்றைக்கு நடந்தாலும் எங்கள் பெண்கள் போய்ப் பேசுவார்கள். திட்டக்காரர்கள் எத்தனை ஏக்கர், எத்தனை டன் என்று மேடையில் சொல்வார்கள். ஒரு தெருவில் எத்தனை தட்டுகள் வாசலுக்கு வாசல் போய் வந்தன என்பதையும் யாராவது எழுந்து சொல்லியாக வேண்டும்.

என் ஆசை பெரிதில்லை. 108 வண்டி வருகிற ரோடும் வேண்டும். இறால் ஊறுகிற ஆறும் வேண்டும். அண்ணி சம்பளத்தில் வாங்கிய ஃபிரிட்ஜும் இருக்கட்டும், அதற்குள் வைக்காமல் அன்றன்றைக்கே பிரித்துக் கொடுக்கிற அளவுக்கு மீனும் வரட்டும். இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள் என்று எங்கள் பிள்ளைகளிடம் யாரும் சொல்லக் கூடாது.