தெள்ளு நிக்கிரகமும் பட்சி ரட்சணமும்

எந்தச் சாஸ்திரத்தை எடுத்துக்கொண்டாலும், விஷயம் இன்னது, கற்பதற்கு அதிகாரி இன்னார், கற்பதால் விளையும் பிரயோஜனம் இன்னது என்று நிர்ணயம் செய்துகொண்ட பிறகே மேலே செல்வது நம் முன்னோர் வகுத்த மரபாதலால், நானும் அதை மீறத் துணியாமல் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த ஆராய்ச்சியின் விஷயம், வீட்டுத் தரையில் குடியேறிவிட்ட தெள்ளுப்பூச்சியை, அதே வீட்டில் கூண்டில் வாழும் பறவைகளின் உயிருக்கு ஊறு நேராமல் ஒழிப்பது, அதிகாரி, நாயையும் பறவையையும் ஒரே கூரையின் கீழ் வளர்க்கும் அளவுக்கு இளகிய மனமும், கணுக்காலில் இடைவிடாத அரிப்பும் உடையவர், பிரயோஜனம், இராத்தூக்கம்.

பொருளுக்கு முன் பெயரை ஆராய்வது புலவர் வழக்கம். 'தெள்ளு' என்பது வினையாக நிற்குமிடத்துக் கொழித்துத் தெளிவுபடுத்துதல் என்றும், பெயராக நிற்குமிடத்து மேற்படி பூச்சி என்றும் பொருள்படுவதால், மேடையேறித் 'தெள்ளு தமிழ்' என்று ஒருவர் முழங்கும்போது கற்றோர் செவி குளிர்வதும், என்னைப் போன்ற அனுபவஸ்தர்கள் குனிந்து கணுக்காலைப் பார்த்துக்கொள்வதும் ஒரே சொல்லின் இருவேறு விளைவுகள். திருவாசகத்துத் திருத்தெள்ளேணம் மகளிர் விளையாட்டைப் பற்றியதேயன்றிப் பூச்சிக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்பதை, சம்பந்தம் கற்பிக்கத் துடித்துக்கொண்டிருக்கும் இளம் ஆராய்ச்சியாளர்களின் நன்மைக்காகக் குறித்து வைக்கிறேன். தெள்ளாற்றுப் போரில் பாண்டியனை வென்ற மூன்றாம் நந்திவர்மப் பல்லவன் 'தெள்ளாறெறிந்த' என்னும் அடைமொழி பெற்று, நந்திக் கலம்பகத்துக்கும் பாட்டுடைத் தலைவனானான். அந்த அடைமொழியிலிருந்து ஆற்றை மட்டும் கழித்துவிட்டு மிச்சத்தை எனக்கு வழங்கலாமே என்று வீட்டில் ஒருமுறை விண்ணப்பித்துப் பார்த்தேன். "முதல்ல எறிஞ்சு காட்டுங்க" என்று பதில் வந்தது.

தெள்ளையும் உண்ணியையும் ஒன்றாக எண்ணி மயங்குவோர் பலர். நாயின் காதுமடலில் ஒட்டிக்கொண்டு துவரம்பருப்பளவுக்கு ஊதிப் பருக்கும் எட்டுக்கால் பிராணி உண்ணி, அது சோம்பேறி. தெள்ளோ ஆறுகால் உடையது, இறக்கையற்றது, இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளத்தில் பக்கவாட்டில் தட்டையாக நசுங்கியது. ஆயினும், தன் உடலுக்குள் ரெசிலின் என்னும் ரப்பர் போன்ற புரதத்தை வில்லைப் போல வளைத்து வைத்திருந்து திடீரென விடுவதால், ஒரு சாணுக்குச் சற்றே குறைந்த உயரத்துக்கு எம்பிக் குதிக்க வல்லது. 1665-இல் ராபர்ட் ஹூக் தம்முடைய மைக்ரோகிராபியாவில் இதை விரித்துப் பார்க்கவேண்டிய பெரும் படமாக வரைந்து வெளியிட்டதும், 1898-இல் கராச்சியில் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர், எலியிலிருந்து எலிக்குக் கொள்ளைநோயைச் சுமந்து செல்வது தெள்ளே என்று சோதித்துக் கண்டதும், வங்கிக் குடும்பத்தில் பிறந்த சார்லஸ் ராத்ஸ்சைல்ட் சூடானிலிருந்து வந்த எலித்தெள்ளுக்கு 1903-இல் பெயர் சூட்டியதும், அவர் சேகரித்த தெள்ளுகளுக்கு அவருடைய புதல்வி மிரியம் பல தொகுதிகளில் அட்டவணை இயற்றியதும் இப்பூச்சியின் சரித்திரத்தில் பொன்னெழுத்துக்குரியவை. அவர்கள் பொருள் செலவிட்டுச் சேகரித்தார்கள்; எங்கள் வீட்டுக்கு இலவசமாகவே வந்து சேர்ந்தது.

வந்த வரலாறு சிறியது. ஐப்பசி அடைமழையில் எங்கள் கும்பகோணத்து வீட்டுத் திண்ணையில் ஒண்டிய தெருநாய்க்குட்டி ஒன்று, முதல்நாள் திண்ணையிலும், மறுநாள் தாழ்வாரத்திலும், மூன்றாம் நாள் கூடத்து ஜமுக்காளத்திலும் படுத்து, மணி என்ற பெயரும் பெற்றுவிட்டது. கூடத்திலோ ஏற்கெனவே என் பேத்தியின் பறவைக் கூண்டு இருந்தது. இரண்டு லவ் பேர்ட்ஸ், ஒரு காக்டெயில், மூன்றும் வெளிநாட்டு வம்சம். (நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் அடைப்பது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், இதைப் பேத்திக்கு எடுத்துச் சொல்லிச் சம்மதிக்கச் செய்வதற்குள் எனக்கு ஏற்பட்ட சிரமம் வேறொரு கட்டுரைக்கு உரியது.)

அரிப்பு தொடங்கிய வாரத்தில் வீட்டில் எழுந்த பூர்வபட்சம், குற்றவாளி பறவையே என்பது. "கோழி வளத்தா தெள்ளு வரும்னு எங்க அப்பாயி சொல்லும், இதுவும் கோழி சாதிதானே" என்றாள் என் மனைவி. ஆப்தவாக்கியத்தை அவ்வளவு எளிதில் தள்ளிவிட முடியாது. கோழியின் கொண்டையிலும் கண்ணோரத்திலும் கூட்டமாக ஒட்டிக்கொள்ளும் கோழித்தெள்ளு என்று தனி இனமே உண்டாகையால் அப்பாயி சொன்னது மெய். ஆயினும் நாயையும் பூனையையும் பற்றும் தெள்ளு வேறு இனம். அது பெயரளவில் பூனைத்தெள்ளு ஆனாலும் நாய்களின் மேல் பெரும்பாலும் காணப்படுவதும் அதுவே. கூண்டுப் பறவையின் மேல் அது குடித்தனம் நடத்துவதில்லை. அனுமானத்தை விட்டுப் பிரத்யட்சத்துக்கு வந்தோம். வெள்ளைத்தாளை நீரில் நனைத்துத் தரையில் விரித்து, மணியை அதன்மேல் நிறுத்தி, வாலடியில் சீப்பால் வாரினேன். மிளகுத்தூள் போலக் கருந்துகள்கள் உதிர்ந்தன. அரை நிமிஷத்தில் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் ஈரத்தாளில் செந்நிறம் வட்டமாகப் படர்ந்தது. மண்ணாக இருந்தால் சிவக்காது. அது தெள்ளின் எச்சம், அதாவது மணியின் இரத்தமே உருமாறி உதிர்ந்தது. கூண்டின் அடித்தட்டுக் காகிதத்தையும் இதே வகையில் சோதித்ததில் தினை உமியைத் தவிர வேறொன்றும் அகப்படாமையால், பறவைகள் நிரபராதிகள் என்று தீர்ப்பாயிற்று.

இனி இந்த ஆராய்ச்சியின் உயிர்நிலை. நாயின்மேல் ஓடும் தெள்ளுகள் மொத்தப் படையில் நூற்றுக்கு ஐந்தே. எஞ்சியவை முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவுமாகத் தரையிடுக்கிலும் கோரைப்பாய் மடிப்பிலும் கால்மிதியின் அடியிலும் வெளிச்சத்துக்கு அஞ்சி ஒளிந்திருக்கின்றன. ஒரு பெண்தெள்ளு நாளொன்றுக்கு நாற்பது முட்டை வரை இடும். ஒட்டும் தன்மையற்ற அம்முட்டைகள், நாய் நடக்குமிடமெல்லாம் விதைநெல் தெளித்தாற்போல் உதிரும். புழு, தாய்தந்தையரின் எச்சமாகிய அந்த உலர்ந்த இரத்தத்தையே உண்டு வளர்ந்து, பட்டுக்கூடு நெய்து, அதன்மேல் தூசியை ஒட்டிக்கொண்டு உள்ளே யோகத்தில் அமர்ந்துவிடும். வெப்பமும் ஈரமும் ஒத்துழைத்தால் மூன்று வாரத்தில் சக்கரம் முழுதும் சுற்றிவிடும். ஒத்துழைக்காவிட்டால் கூட்டுக்குள் மாதக்கணக்கில் காத்திருக்கும். அந்தக் கூட்டுக்குள் எந்த மருந்தும் எளிதில் புகுவதில்லை. காலடி அதிர்வும் உடற்சூடும் மூச்சுக்காற்றும் எட்டினால்தான் கதவு திறக்கும். பூட்டிப் போட்டுவிட்டுக் காசியாத்திரை போய்வந்தவர்கள், வீட்டைத் திறந்து உள்ளே அடியெடுத்து வைத்ததும் ஆயிரம் தெள்ளுகளால் எதிர்கொண்டு அழைக்கப்படுவதன் காரணம் இதுவே. ஆகவே ஒருநாள் யுத்தத்தில் இப்பகையை முடித்துவிடலாம் என்று எண்ணுபவர் பகையையே அறியாதவர்.

யுத்தம் செய்ய முடியாமைக்கு மற்றொரு காரணம் கூண்டில் இருந்தது. பறவையின் சுவாசம் நம்முடையதைப் போன்றதன்று. நாம் இழுத்த காற்று போன வழியே திரும்பி வருவது. பறவைக்கோ நுரையீரலோடு, பொதுவாக ஒன்பது என்று சொல்லத்தக்க காற்றுப்பைகள் இணைந்திருப்பதால், மூச்சை உள்ளிழுக்கும்போதும் வெளிவிடும்போதும் புதுக்காற்று நுரையீரலை ஒரே திசையில் கடந்து செல்கிறது. பறப்பதற்கென்று வாய்த்த இந்த அற்புத அமைப்பு, காற்றில் நஞ்சு கலந்தவுடன் சாபமாகிவிடுகிறது; முப்பது நாற்பது கிராம் எடையுள்ள உடலுக்கு நம் மூக்கு உணராத அளவே போதும். ஹால்டேன் என்ற விஞ்ஞானியின் யோசனைப்படி பிரிட்டிஷ் நிலக்கரிச் சுரங்கங்களில் விஷவாயுவை முன்னறிவதற்குக் கேனரிக் குருவிகளைக் கொண்டுபோனதும், அந்த உத்தியோகத்திலிருந்து 1986-இல்தான் அவற்றுக்கு ஓய்வு கிடைத்ததும் இது பற்றியே. அடுப்பில் மறந்துபோய்க் காய்ந்த நான்ஸ்டிக் தவாவின் புகை பறவையைக் கொன்றுவிடும் என்பதை இங்கேயே சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது.

பூச்சிமருந்து அடிப்பவர் ஒருவர் முதுகில் தெளிப்பானோடு வந்தார். கூண்டைக் காட்டினேன்.

"ஒண்ணும் ஆவாது சார். மேல ஒரு துணியப் போட்டு மூடிடுங்க. ரெண்டு மணி நேரம் கதவ சாத்தி வச்சாப் போதும்."

"துணி வழியா காத்து போகுமா, போகாதா?"

"போவும் சார். இல்லாட்டி செத்துடாதா?"

"காத்து போனா மருந்தும் போகுமில்லையா?"

அவர் தெளிப்பானை இறக்கி வைத்துவிட்டுச் சிறிது யோசித்தார். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல சார்" என்றார். தர்க்கசாஸ்திரத்தில் இதைவிட நேர்மையான விடையை நான் படித்ததில்லை. ஆகையால் அவரையே பிற்பாடும் அழைப்பதென்று முடிவு செய்தேன்.

இடைப்பட்ட நாட்களில் உறவினரும் அண்டைவீட்டாரும் வழங்கிய மருந்துகளுக்குக் குறைவில்லை. சாம்பிராணி, நொச்சிப்புகை, வேப்பிலைப்புகை, கற்பூரம், அந்துருண்டை, மண்ணெண்ணெய் கலந்து துடைப்பது, ஃபினாயிலை இரட்டிப்பது. இவற்றுள் புகையாவன எல்லாம், மூலிகையே ஆயினும், பறவைக்குப் புகைதான். வேப்பமரம் தெய்வாம்சம் பொருந்தியது என்பது காக்டெயிலின் காற்றுப்பைக்குத் தெரியாது. கற்பூரமும் அந்துருண்டையும் அறை முழுதும் ஆவியாகப் பரவுவதனாலேயே வேலை செய்பவை. "இயற்கை மருந்து" என்ற முத்திரையோடு விற்கும் தெளிப்புகளுள் பல சாமந்தி இனப் பூவிலிருந்து எடுக்கும் பைரெத்ரின் கலந்தவை. பூவிலிருந்து வந்தாலும் பூச்சிமருந்து பூச்சிமருந்தே. ஒருநாள் விருந்தாளி ஒருவர் ஆர்வக்கோளாறால் சாம்பிராணி தூவிவிட, காக்டெயில் கொண்டையைப் படியவைத்துக்கொண்டு, அலகைச் சற்றே திறந்து, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் அசைய உட்கார்ந்திருந்ததைக் கண்ட பேத்தி, கூண்டோடு முற்றத்துக்கு ஓடினாள். அரைமணி நேரத்தில் தெளிந்தது. வாலசைவு பறவை மூச்சுக்குத் திண்டாடுவதன் அடையாளம் என்று கால்நடை மருத்துவர் பிறகு சொன்னார்.

சித்தாந்தமும் அவர் வழங்கியதே. மணியை எடைபோட்டு, அதற்கேற்ற மெல்லும் மாத்திரை ஒன்றைக் கொடுத்தார். மருந்து இரத்தத்தில் சேர்ந்து, கடித்த தெள்ளைக் கொல்லுமே தவிரக் காற்றிலோ ரோமத்திலோ ஒன்றும் மிஞ்சாது. வேட்டைக்குப் போன தெள்ளுக்கு இரையே பொறியாயிற்று. ஜமுக்காளமும் நாய்த்துணியும் கைபொறுக்காத வெந்நீரில் அலசப்பட்டு வெயிலில் காய்ந்தன. கால்மிதிகள் குப்பைக்குப் போயின. வாக்குவம் கிளீனர் நாள்தோறும் மூலைமுடுக்கெல்லாம் ஓடியது; அது முட்டையையும் புழுவையும் உறிஞ்சுவதோடு, தன் அதிர்வால் கூட்டுக்குள் இருப்பவற்றையும் ஏமாற்றி வெளியே வரவழைக்கும். உறிஞ்சிய தூசியைப் பையில் கட்டி அன்றன்றே வெளியேற்றவேண்டும் என்பது உபவிதி.

பிறகு, கூண்டும் தினைக்கிண்ணமும் தண்ணீர்க்குடுவையும் தெருக்கோடியிலுள்ள என் தங்கை வீட்டுக்குப் போன மறுநாள், தெளிப்பான்காரர் மீண்டும் வந்தார். இம்முறை புகையாக அன்றிப் பெருந்துளியாக, தரையிடுக்குகளில் மட்டும், பைரிப்ராக்ஸிஃபென் என்ற வளர்ச்சித் தடை மருந்து இடப்பட்டது. பூச்சியின் இளமைக்குரிய ஹார்மோனைப் போல் நடித்து, புழுவைத் தெள்ளாக வளரவொட்டாமல் தடுப்பது அதன் தொழில். சன்னல்கள் திறந்து மின்விசிறிகள் சுழன்று தரை நன்றாகக் காய்ந்த பிறகும், மூன்று நாள் கழித்தே பறவைகளைத் திரும்ப அழைத்தேன். மூன்று என்பது சாஸ்திரக் கணக்கன்று, என் பயத்தின் கணக்கு.

ஒன்பதாம் நாள் மறுபடி கடித்தது. "ஆராய்ச்சி பலிச்சுடுச்சா?" என்று கேட்டாள் மனைவி. முழங்கால் வரை வெள்ளைக் காலுறை அணிந்து கூடத்தை மெதுவாக மும்முறை வலம்வந்தேன். வெண்மையில் கருப்பாகத் தெரிந்தவை ஏழு. கூட்டுக்குள் இருந்தவை பிறந்துகொண்டே இருக்கும், அதற்காக மருந்தை மறுபடி அடிக்கலாகாது, வாக்குவம் கிளீனரை நிறுத்தவும் கூடாது என்ற மருத்துவர் வாக்கை நம்பிப் பொறுத்தோம். மாத்திரையும் தவணை தவறாமல் தொடர்ந்தது. கார்த்திகைத் தீபத்தன்று மூன்று. மார்கழி நடுவில் ஒன்று. தைப் பொங்கலுக்கு முந்தின நாள் காலுறை வெள்ளையாகவே இருந்தது.

நாயும் பறவையும் உள்ள வீட்டார்க்கு ஒரு விண்ணப்பம்: பூச்சிமருந்துக்காரருக்குத் தொலைபேசியில் சொல்லுமுன், கூண்டுக்கு வேறொரு வீடு பார்த்து வையுங்கள்.