பெட்ரோல் மூடி திறவாமை: ஒரு முதற்கட்ட ஆய்வு

பழைய காரின் பெட்ரோல் மூடி பங்கில் மட்டுமே திறக்க மறுக்கும் என்பது இவ்வாய்வின் முதல் துணிபு. வேறெங்கும் யாரும் அதைத் திறந்து பார்ப்பதே இல்லை என்று மறுப்போர் உளர். அவர்கள் பின்னால் ஹாரன் அடித்தபடி நிற்கும் ஆட்டோவைக் கணக்கில் கொள்ளவில்லை.

இனி உறுப்பியல். ஓட்டுநர் இருக்கையை ஒட்டித் தரையில் ஒரு லிவர். அதிலிருந்து பின்பக்கம் வரை உறைக்குள் ஓடும் கேபிள். 1896-இல் எர்னஸ்ட் பவுடன் காப்புரிமை பெற்ற வகை, சைக்கிள் பிரேக்குக்கு நெருங்கிய உறவு. கேபிளின் முனையில் ஒரு குட்டித் தாழ். தாழ் உள்ளே போனதும் மூடியை வெளியே உந்துவது ஒரு வளைந்த ஸ்பிரிங் தகடு.

ஆக, திறத்தல் ஒரு வினையன்று. விடுவித்தல், உந்துதல் என இரண்டு. 'டக்' சத்தம் கேட்டும் மூடி அசையவில்லையா? பெரும்பாலும் தாழ் நிரபராதி. தகடு தளர்ந்திருக்கும், அல்லது கீல் துருப்பிடித்திருக்கும். லிவர் தொளதொளவென்று வந்தால் கேபிள் அறுந்தது, அல்லது கழன்றது. அசையவே மறுத்தால் கேபிள் உறைக்குள் இறுகியது. இவற்றைப் பிரித்தறியாது மூச்சுப்பிடித்து இழுப்போர் லிவரைக் கையோடு கொண்டுவருவர் என்மனார் மெக்கானிக்குகள்.

சிகிச்சையில் மூன்று மரபுகள். நெம்புவோர் ஸ்க்ரூடிரைவரை நம்புவர். டிங்கரிங் கடைகள் இவர்களால் வாழ்கின்றன. தட்டுவோர் நடுநிலையாளர். அமுக்குவோர் மரபே நம் ஆதரவுக்குரியது. பங்க் ஊழியர் ஒரு கையில் நாசிலோடு, மறு உள்ளங்கையால் மூடியை உள்நோக்கி அமுக்கி, "இப்ப இழுங்க சார்... விடாதீங்க... ம்!" என்பார். அமுக்கும்போது தாழின் மேலுள்ள இறுக்கம் தளர்கிறது. அது வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது. இதற்கு ஆள் இருவர் வேண்டும் என்பதால், தனியே கார் ஓட்டுவோரின் நிலை பரிதாபம்.

கேபிளே அறுந்திருந்தால் டிக்கிக்குள் தலையை விட வேண்டும். மூடி இருக்கும் பக்கத்து உள்தட்டியைக் கழற்றினால் பல கார்களில் கேபிள் முனை தென்படும். கட்டிங் பிளேயரால் இழுக்கலாம்.

எண்ணெய் விஷயத்தில் தேங்காய் எண்ணெய்க்கட்சி வலுவானது. ஆனால் அது தூசியைச் சேர்த்துக் களிம்பாகும். 1953-இல் உருவான டபிள்யூடி-40 துருவை இளக்கும், நெடுநாள் நிற்காது. பின்னாலேயே கொஞ்சம் கிரீஸ் வேண்டும்.

தளர்ந்த தகட்டை விரலால் சற்றே வளைத்துவிடலாம். அளவு மீறினால் மூடி திறந்தே நிற்கும். அது திறவாமையில் அடங்காது. மூடாமை என்னும் தனி இயல். அதன் ஒரே கருவி செல்லோடேப்.