ரெக்கார்டு நோட்டு: பாடபேதங்களும் ஒரு வாரத்தின் காலக்கணிப்பும்

பொறியியல் மாணவனின் வாரம் திங்கட்கிழமை தொடங்குகிறது என்று நம்புகிறவர்கள் உலகில் இருவர்தான். ஒருவர் கல்லூரியில் கால அட்டவணை போடுகிறவர். மற்றவர் ஊரில் இருக்கும் அம்மா. இருவர் கூற்றும் பொருந்தாது என்று நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம்.

அவன் வாரம் ஒரு லேப் முடிந்த மறுகணம் தொடங்கி, அடுத்த லேபின் வாசலில் செருப்பைக் கழற்றும்போது முடிகிறது. எங்கள் வகுப்புக்கு ஃபிசிக்ஸ் லேப் வியாழன் மதியம். ஆகவே வியாழன் மாலை ஐந்து மணி எங்களுக்கு வருடப்பிறப்பு. புதன் இரவு சிவராத்திரி. உவமை நயத்துக்காகச் சொன்னதல்ல. புலிக்குப் பயந்து மரத்தில் ஏறிய வேடன், தூங்கி விழாமலிருக்க விடிய விடிய இலையைக் கிள்ளிப் போட்டான். அது வில்வம் என்பதும் கீழே லிங்கம் இருந்தது என்பதும் அவனுக்குத் தெரியாது. ஆனாலும் முக்தி கிடைத்தது. என்ன எழுதுகிறோம் என்று தெரியாமல் விடிய விடிய எழுதிய எங்களுக்கும் அதே நம்பிக்கைதான்.

ஆய்வுக்களம்: தமிழ்நாட்டில் ஒரு பொறியியல் கல்லூரி, ஆண்கள் விடுதி, இரண்டாம் மாடி, முதலாம் ஆண்டு மாணவர் வாழ்ந்த 201 முதல் 207 வரையிலான ஏழு அறைகள். கல்லூரியின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். வார்டனுக்கு நினைவாற்றல் அதிகம். அறைக்கு ஒரு நோட்டு வீதம் ஏழு பிரதிகள் ஒப்புநோக்கப்பட்டன. அவற்றுள் 206-ஆம் பிரதி ஆய்வாளருடையதே. நடுநிலை பிறழ்ந்த இடங்களை வாசகர் பொறுத்தருள்க.

முதலில் சட்ட அடிப்படை. அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் ஒரு சராசரித் தியரி பேப்பருக்கு ஐந்து யூனிட், யூனிட்டுக்கு 9 பீரியட், ஆகமொத்தம் 45. வாரத்துக்கு மூன்று பீரியட் உட்கார்ந்தால் மூன்று கிரெடிட். லேபுக்கோ வாரத்துக்கு நான்கு பீரியட் நின்றால்தான் இரண்டு கிரெடிட். ஆக, இரண்டு மணி நேரம் நிற்பது ஒரு மணி நேரம் உட்கார்வதற்குச் சமம் என்பது பல்கலைக்கழகமே ஒப்புக்கொண்ட சமன்பாடு. அஃதேல், மிச்சமுள்ள ஒரு மணி நேரம் எங்கே போயிற்று எனின், சோடியம் விளக்கு சூடேறிப் பிரகாசமாகும் வரை காத்திருந்ததிலும், பக்கத்து மேஜையில் ஸ்க்ரூ கேஜ் கடன் கேட்டதிலும் போயிற்று என்க.

ஆனால் புதன் இரவுக்கு எந்தப் பாடத்திட்டத்திலும் பீரியட் கிடையாது. வாரத்தில் மெய்யாகவே வேலை நடக்கும் ஒரே நேரம் கணக்கில் ஏறவில்லை. கல்வியாளர்கள் இதைக் கவனிக்கவில்லையா, கவனித்தும் கண்டும் காணாமல் விட்டார்களா என்பது தனி ஆய்வுக்குரியது.

இத்துறையில் முன்னோர் கருத்து ஒன்றை மறுத்தாக வேண்டும். கையில் எவ்வளவு நேரம் இருக்கிறதோ அவ்வளவுக்கும் வேலை வீங்கிக்கொள்ளும் என்று 1955-இல் லண்டன் ‘எகானமிஸ்ட்’ பத்திரிகையில் எழுதினார் பார்க்கின்சன். அப்போது அவர் சிங்கப்பூரில், மலாயா பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். வரலாற்றுப் பேராசிரியருக்கு ரெக்கார்டு நோட்டு கிடையாது; பிழை அங்கேதான் புகுந்தது. எங்கள் மாடியில் வேலை வீங்கியதே இல்லை. ஏழு நாள் கொடுத்தால் ஆறு நாள் அது இருக்கிற இடமே தெரியாது. கடைசி ஆறு மணி நேரத்தில் மொத்தமாகப் பிரசன்னமாகும். 

அந்த ஆறு நாட்களை விரைந்து கடப்போம். நாங்களும் அப்படித்தான் கடந்தோம்.

வியாழன் மாலை அப்சர்வேஷன் நோட்டில் சார் சைன் போட்டுவிடுவார். சைன் வாங்கியவன் முகத்தில் பெண் கல்யாணத்தை முடித்த தகப்பனின் களை. வெள்ளி, ‘இன்னிக்கே எழுதி முடிச்சிரலாம்டா’ என்ற சொற்றொடர் ஒவ்வோர் அறையிலும் ஒருமுறையாவது கேட்கும். யாரும் யாரையும் நம்புவதில்லை. சனிக்கிழமை ஊருக்குப் போகும் நாள். மழைக்கு விட்ட லீவை ஈடுகட்டக் கல்லூரி வைத்தால் மட்டும் திட்டிக்கொண்டே வகுப்புக்குப் போகும் நாள். ஞாயிறு மெஸ்ஸில் சிக்கன், பக்கெட்டில் ஊறும் ஒரு வாரத் துணி, அதை ஊறவைத்தவன் தூக்கம். ஊருக்குப் போனவர்கள் ரெக்கார்டைப் பையில் வைத்துக்கொண்டு போவார்கள். அது பேருந்தில் போய், வீட்டைப் பார்த்துவிட்டு, முறுக்கு டப்பாவின் அடியில் நசுங்கி, பிரிக்கப்படாமலே திரும்பிவரும். திங்கள் முதல் பீரியடில் பாதி வகுப்பு பேருந்து நிலையத்திலேயே இருக்கும். 75 சதவீத அட்டென்டன்ஸ் என்ற எல்லைக்கோட்டின் மேல் ப்ராக்ஸிகள் குரல் மாற்றிக் கயிற்றில் நடப்பார்கள். செவ்வாய் சைக்கிள் டெஸ்ட். அதற்குப் படிக்க வேண்டும் என்பதால் ரெக்கார்டு எழுத முடியாது. ரெக்கார்டு எழுத வேண்டும் என்பதால் படிக்கவும் இல்லை. இரண்டு வேலைகள் ஒன்றையொன்று ரத்து செய்து பூஜ்யமாகும் இந்நிகழ்வு, ஒளியலைகள் மோதி இருட்டு உண்டாவதற்கு ஒப்பானது.

இனிப் புதன் இரவு.

ரெக்கார்டு நோட்டின் உடலமைப்பை அறியாதவர்களுக்காக: வலப்பக்கம் கோடு போட்டது, இடப்பக்கம் வெள்ளைத் தாள். வலப்பக்கத்தில் எய்ம், அப்பரேட்டஸ், ஃபார்முலா, ப்ரொசீஜர், ரிசல்ட் எல்லாம் பேனாவில். இடப்பக்கத்தில் படமும் அட்டவணையும் பென்சிலில். கிராஃப் தாள் தனியே வாங்கி ஒட்ட வேண்டும். பசை என்பது மாடிக்கு ஒரே ஒரு டியூப். அதன் இருப்பிடம் கடைசியாக ஒட்டியவனுக்கு மட்டுமே தெரியும்.

அந்த வாரப் பரிசோதனை, மரச்சட்டத்தின் யங் குணகம். ஒரு மீட்டர் ஸ்கேலை இரண்டு கத்திமுனைகளின் மேல் கிடத்தி, நடுவில் ஹேங்கரைத் தொங்கவிட்டு, அதன்மேல் குத்திய குண்டூசியின் நுனியை டிராவலிங் மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். நுனி தலைகீழாகத் தெரியும். 50 கிராம் எடைக்கற்களை ஒவ்வொன்றாக ஏற்றி ஒரு ரீடிங், ஒவ்வொன்றாக இறக்கி ஒரு ரீடிங், இரண்டுக்கும் சராசரி. எடைக்கு ஏற்பச் சட்டம் வளைவதால் கிராஃப் நேர்கோடாக வரும். ஏற்றும்போது எடுத்த ரீடிங் மெய். இறக்கும்போது எடுத்த ரீடிங் இலக்கியம். ஏற்றியதிலிருந்து 0.002 கூட்டி, அடுத்ததில் 0.001 குறைத்து, சந்தேகம் வராதபடி ஓரிடத்தில் மட்டும் அப்படியே விட்டு எழுதப்படுவது. சட்டத்தின் தடிமன் சூத்திரத்தில் முப்படியாக வருகிறது. அதில் ஒரு சதவீதம் தவறினால் விடையில் மூன்று சதவீதம் தவறும். அதனாலேயே தடிமனை அளக்கும் பொறுப்பை ஒருவரும் ஏற்காமல், அடுத்த மேஜைக்காரனைக் கேட்டு எழுதிக்கொண்டோம். அவன் எங்களைக் கேட்டு எழுதியிருந்தான் என்பது பிற்பாடு தெரிந்தது.

முதலில் எழுதி முடிப்பவர் 204. ‘படிப்ஸ்’ என்ற பட்டம் பெற்றவர். கோயிலில் மூலவர் அசையமாட்டார், உற்சவர்தான் வீதியுலா வருவார். எங்கள் மாடியில் மூலவரே புறப்பட்டார். இரவு ஒன்பதுக்கு 204-இல் கிளம்பிய நோட்டு 203, 201, 202 என்று வலம் வந்து, அதிகாலையில் 207-ஐ அடையும். “மச்சான், நோட்டு எங்கடா?” என்ற குரல் நடைபாதையில் விடியும் வரை எதிரொலிக்கும். நன்னூலார் நூலை முதல், வழி, சார்பு என மூவகைப்படுத்துவார். அவ்வகையில் 204-ஐ முதனூல் என்றே நாங்கள் நெடுநாள் கருதிவந்தோம். இறுதியாண்டு அண்ணன் ஒருவரின் பழைய நோட்டு 204-இன் தலையணைக்கடியில் அகப்பட்ட பிறகு, அதுவும் வழிநூலே என்பது தெளிவாயிற்று.

உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து ஏடு திரட்டி, ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அதே முறையை நாம் ஒரே நடைபாதையில் கையாளுகிறோம். அலைச்சல் குறைவு, காலுறை நாற்றம் அதிகம்.

பிரதிகளை ஒப்பிடும்போது முதலில் கண்ணில் படுவது எழுதுவோர் பிழை. 205-ஆம் பிரதியில் ப்ரொசீஜரின் ஒரு வாக்கியம் இரண்டு முறை வருகிறது. இடையில் எழுதியவர் டீ குடிக்கப் போய்வந்ததற்கான சான்று. 207 எழுதப்பட்டது விடியற்காலை நான்கு மணிக்கு. அதில் ‘நைஃப் எட்ஜஸ்’ தேய்ந்து ‘நைஃப் எக்ஸ்’ ஆகிவிட்டது. அப்பிரதியின்படி மரச்சட்டம் இரண்டு முட்டைகளின் மேல் வைக்கப்பட்டு, கால் கிலோ எடை ஏற்றப்பட்டு, முட்டைகளுக்குச் சேதமின்றிப் பரிசோதனை இனிதே நிறைவேறுகிறது. அந்தப் பக்கத்திலும் சிவப்பு மையில் சைன் இருக்கிறது. ஆகவே உரையாசிரியரும் மூலத்தைப் படிப்பதில்லை என்பது பெறப்படும்.

ஆனால் இவ்வாய்வின் உயிர்நாடி வேறொன்று. 204-இன் கிராஃபில் பூஜ்யத்தையும் சேர்த்து ஆறு புள்ளிகள் நேர்கோட்டில் இருக்கின்றன. 150-க்கும் 200-க்கும் நடுவே, கோட்டைவிட்டு விலகி, ஏழாவதாக ஒரு புள்ளி நிற்கிறது. சற்றே பழுப்பு நிறம். அது சாம்பார். எங்கள் மெஸ்ஸில் இரவுச் சாம்பார் புதன்கிழமைத் தோசைக்கு மட்டுமே; திங்கள் சப்பாத்தி, செவ்வாய் லெமன் சாதம், வியாழன் மறுபடி சப்பாத்தி. எனவே கையெழுத்தையும் மையையும் கொண்டு காலம் கணிக்க வேண்டிய அவசியமே எழவில்லை. அந்த கிராஃப் புதன் இரவு எட்டுக்கும் எட்டரைக்கும் இடையில், இடது கையில் தட்டுடன் வரையப்பட்டது.

ஈயடிச்சான் காப்பி என்ற கோட்பாட்டைத் தமிழுலகம் நன்கறியும். மூலத்தில் ஈ செத்து ஒட்டியிருந்தால், எழுதுகிறவனும் ஓர் ஈயைத் தேடி அடித்து ஒட்டுவான். அக்கோட்பாடு முழுமையற்றது என்பதே எம் கண்டுபிடிப்பு. 201, 202, 207 ஆகிய மூவரும் சாம்பாரைப் பார்த்தார்கள், கூர்மையான பென்சிலில் புள்ளி வைத்து, மற்றப் புள்ளிகளைப் போலவே சுற்றி வட்டமிட்டார்கள், போய்ப் படுத்தார்கள். இவர்களை ‘அ’ குடும்பம் என்போம். ஈயை அடித்தவர்கள்.

203 அப்படிப்பட்டவர் அல்லர். அவர் எண்ணிப் பார்த்தார். புள்ளி ஏழு, அட்டவணையில் வரிசை ஆறு. மூலத்தில் ஒரு வரி விடுபட்டுள்ளது என்று முடிவுகட்டினார். புள்ளிக்கு நேர் கீழே பார்த்து எடை 175 கிராம் என்று கொண்டார். புள்ளியின் உயரத்திலிருந்து வளைவைக் கணக்கிட்டு, அதைப் பிரித்து ஏற்றும்போது ஒரு ரீடிங், இறக்கும்போது ஒரு ரீடிங், சராசரி என்று மூன்று தசம இடம் வரை எழுதி, ஒரு முழு வரிசையை இடையில் செருகினார். ஒரு துளி சாம்பாரை ஆயிரத்தில் ஒரு சென்டிமீட்டர் துல்லியத்துக்கு அளந்தவர் அவர் ஒருவரே. ஈ செத்திருந்தால் அதற்குப் பிறப்புச் சான்றிதழும் வாங்கியிருப்பார். மூலவர் கைக்கு வரத் தாமதமானதால் 205-உம் 206-உம் 203-ஐப் பார்த்து எழுதினோம். இது ‘ஆ’ குடும்பம். நாங்கள் அந்த வரிசையைச் சந்தேகிக்கவில்லை. அட்டவணையிலேயே அழகான வரிசை அதுதான்.

வியாழன் மதியம் ஏழு நோட்டுகளும் சைன் வாங்கின. அதன்பின் பன்னிரண்டு வாரம் அவை அலமாரியில் உறங்கின. செமஸ்டர் முடிவில் போனஃபைட் பக்கத்தில் ஹெச்.ஓ.டி. கையெழுத்திட்டார். பிராக்டிகல் எக்ஸாம் அன்று வேறு கல்லூரியிலிருந்து எக்ஸ்டர்னல் வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கிட்டத்தில் பார்க்கும் ரகம்.

201-ஐக் கேட்டார்: “ஏன்ப்பா, இந்தப் பாயின்ட் மட்டும் ஏன் விலகி நிக்குது?”

“பேரலாக்ஸ் எரர் சார்.”

என் முறை வந்தது. அதே கேள்வி.

“மரம் சார்” என்றேன். “அதான்.”

203 எதையும் மறைக்கவில்லை. அட்டவணையைத் திருப்பி, 175-ஆம் வரிசையில் விரல் வைத்துக் காட்டினார். எக்ஸ்டர்னல் அதை வாசித்தார். லேப் அசிஸ்டென்ட் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். “உங்க லேப்ல இருபத்தஞ்சு கிராம் கல் இருக்குதாப்பா?”

“இல்லீங்க சார். எல்லாமே அம்பதுதான்.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஏழு நோட்டுகளையும் மேஜையில் வரிசையாகப் பரப்பினார். 201-இன் புள்ளியை நகத்தால் சுரண்டினார், பென்சில் இழுகியது. 202, 203, அதேதான். 204-ஐச் சுரண்டியபோது மட்டும் புள்ளி பெயர்ந்து நகத்தோடு வந்துவிட்டது. ஒரு கணம் அதைப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

“உங்க மெஸ்ல தினமும் சாம்பாரா?”

204 எழுந்து நின்றார். “புதன்கிழமை மட்டும் சார்.”